ஜூயின் 'இ' எழுத்து தேடலில் அகப்படவில்லை: கோப்பு கெட்டுவிட்டதா?

கேள்வி:
தைவானில் வழங்கும் ஜூயின் (போப்போமோஃபோ) ஒலிக்குறிகளுடன் ஒரு சீனச் சொற்பட்டியல், யூடிஎஃப்-8 சிஎஸ்வி கோப்பாக இருக்கிறது. 'நன்றி' என்று பொருள்படும் ஷியே-ஷியே சொல்லை ஜூயினில் தட்டித் தேடினால் சில வரிகள் வருகின்றன, சில வருவதில்லை. கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. போதாக்குறைக்கு, நடுவில் வரும் 'இ' ஒரு கணினியில் படுத்த கோடு, இன்னொன்றில் நின்ற கோடு. எங்கே கோளாறு?

பதில் 1:
இவை இரண்டும் வெவ்வேறு சங்கதிகள். கோடு படுப்பதும் நிற்பதும் எழுத்துருவின் வேலை. யூனிகோடு இரண்டு வடிவத்துக்கும் ஒரே எண்தான் தந்திருக்கிறது: பதினாறடிமானத்தில் 3127, பதின்மத்தில் 12583. தைவான் எழுத்துருக்களில் பெரும்பாலும் படுத்த கோடு இருக்கும். அதைத் 'திருத்த' வேறு எழுத்தைப் போட்டுவிடாதீர்கள்.

தேடல் தோற்பதற்குக் காரணம், சில வரிகளில் 'இ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஒன்று' என்ற சீன எழுத்து (19968) உட்கார்ந்திருப்பதாக இருக்கும். ஜூயின் விசைப்பலகையில் 'இ' தட்டி இடைவெளிப் பட்டையை அழுத்தினால் அது முதல் தொனியாகி (தொனி என்பது சீன அசையின் குரல் ஏற்றஇறக்கம்), உள்ளீட்டு முறை 'ஒன்று' எழுத்தைத்தான் முதலில் நீட்டும். அதுவும் படுத்த கோடுதான். நம் ஊரில் 'கௌ' என்பதைக் 'கெ'யும் 'ள'வுமாகத் தட்டுவது போன்ற பிழை.

பைத்தானில் அந்த அசையின் ஒவ்வோர் எழுத்தையும், அதன் யூனிகோடு எண்ணைப் பதின்மத்தில் தரும் ஆர்ட் (ord) செயற்கூறில் போட்டுப் பாருங்கள். சரியான வரி 12562, 12583, 12573, 715 என்று வர வேண்டும். பைட்டாகப் பார்த்தால் நல்ல 'இ' 227 132 167. வேஷக்காரர் 228 184 128.

கேட்டவர்:
அதேதான், வராத வரிகளில் 19968 இருக்கிறது. என்எஃப்கேசி (NFKC) இயல்பாக்கம், அதாவது ஒத்த எழுத்து வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடு முறை, ஓட்டினால் சரியாகிவிடுமா?

பதில் 2:
வேண்டாம், ஓட்டாதீர்கள். என்எஃப்கேசிக்கு இந்த இரண்டும் தொடர்பில்லாத எழுத்துகள், அதனால் 19968 அப்படியே இருக்கும். அதோடு புதுச் சேதமும் வரும். ஷியே-ஷியேயின் இரண்டாவது அசை மெல்லொலித் தொனி. அதன் அடையாளமான மேற்புள்ளி 729. என்எஃப்கேசி அதை இடைவெளி (32), இணைப்புப் புள்ளி (775) என்று இரண்டாக உடைத்துவிடும். 714, 711, 715 ஆகிய மற்ற தொனிக்குறிகள் தப்பிக்கும், ஆகவே உடனே கண்ணில் படாது. ஏற்கெனவே ஓட்டிவிட்டிருந்தால் 32, 775 இணையைத் தேடி 729 ஆக்குங்கள். இயல்பாக்கம் கட்டாயம் தேவை என்றால் அதன் மிதமான வகையான என்எஃப்சி (NFC) போதும், அது 729ஐத் தொடாது.

பதில் 1:
சரியாகச் சொன்னார். மாற்றும் முறை: முதலில் கோப்பை நகலெடுங்கள். ஒலிக்குறி மட்டும் உள்ள பத்தியில் (நெடுவரிசையில்) 19968 எல்லாவற்றையும் 12583 ஆக்கலாம். அங்கே சீன எழுத்துக்கு வேலையே இல்லை. சீன எழுத்தும் ஜூயினும் கலந்த பத்தியில் ஒட்டுமொத்த மாற்றம் ஆபத்து. 'பக்கத்தில் ஜூயின் இருந்தால் மாற்று' என்ற விதியும் போதாது: 'ஒன்று' எழுத்தை அடுத்து அதன் ஒலிக்குறி வரும் இடத்தில் உண்மையான சீன எழுத்தையே அழித்துவிடும். அவற்றைக் கையால்தான் பார்க்க வேண்டும்.

முடிந்ததும் ஒலிக்குறிப் பத்தியில் 12549 முதல் 12585 வரையுள்ள 37 எழுத்துகள், 711, 714, 715, 729, அசை பிரிக்கும் இடைவெளி தவிர வேறு ஏதாவது இருக்கிறதா என்று சலித்துப் பாருங்கள். அப்போது 180, 96 அகப்பட்டால், அவை தொனிக்குறி போலத் தோன்றும் விசைப்பலகைக் குறிகள். 714, 715 ஆக மாற்றுங்கள். 12540 வந்தால் அது ஜப்பானிய நெடில் கோடு, 20008 வந்தால் நின்ற கோடு வடிவச் சீன எழுத்து. 'இ' இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால் இரண்டையும் 12583 ஆக்குங்கள்.

கேட்டவர்:
ஒலிக்குறிப் பத்தியை மாற்றியதும் விடுபட்ட வரிகள் வந்துவிட்டன. சலித்ததில் ஐந்து இடங்களில் 180 இருந்தது, மாற்றிவிட்டேன். ஆனால் மெல்லொலி அசையைத் தேடினால் இன்னும் சில வரிகள் வருவதில்லை.

பதில் 2:
729 அசைக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா பாருங்கள். தட்டும்போது புள்ளியைக் கடைசியில் தட்டுவதால் சிலர் அப்படியே சேமித்துவிடுகிறார்கள். அச்சில் அது அசையின் தலையில் வரும். எல்லா வரியிலும் முன்னால் நகர்த்திவிட்டு, தேடும் சொல்லுக்கும் அதே மாற்றத்தைச் செய்துவிட்டுத் தேடுங்கள்.