ஆற்றங்கரையில் பாடம் நடத்தியவர்கள், படித்தவர்கள்: உங்கள் அனுபவம்?

பழையாற்றுக்காரன்
ஒன்பதாம் வகுப்பை, பழையாறு கடலில் சேரும் மணக்குடிக்குக் கூட்டிப்போனோம். அறிவியல் நான், கூடவே கணக்கு சாரும் சமூக அறிவியல் டீச்சரும். சுசீந்திரத்தில் ஒரு பாட்டில் தண்ணீர், மணக்குடியில் ஒரு பாட்டில். வற்றவிட்டு, மிஞ்சும் உப்பை எடை போடுவது என் பாடம். நாங்கள் நின்றது பாலத்தைத் தாண்டி ஆற்றின் மேல்பக்கம், பொழி (ஆற்று வாயை அடைக்கும் மணல் திட்டு) கண்ணுக்குத் தெரியாத இடம். கடற்கரை ஊர்ப் பையன் ஒருவன் விரலை முக்கி நாக்கில் வைத்தான். "பொழி உடைஞ்சிருக்கு சார். கடல் உள்ள ஏறியாச்சு." போய்ப் பார்த்தால் மணல் திட்டு நடுவில் உடைந்து அலை உள்ளே வந்துகொண்டிருக்கிறது. மறுநாள் தராசும் அதையே சொன்னது. ஆனால் அவன் தாளில் ஒரு எண்ணும் இல்லை. பத்துக்கு மூன்று போட்டேன். அந்த மூன்று இன்னும் உறுத்துகிறது.

தொட்டிப்பாலம்
எங்களுக்கு மாத்தூர் தொட்டிப்பாலம், ஆற்றுக்கு மேலே வாய்க்கால் தண்ணீரைக் கொண்டுபோகும் பாலம். 1966-ல் கட்டியது என்று சொன்ன டீச்சர் உயரத்தை மட்டும் சொல்லவில்லை, கண்டுபிடிக்கச் சொன்னார். குச்சி நிழல், தூண் நிழல், வடிவொத்த முக்கோணம். குச்சியை அளந்தாச்சு. உயரமான தூணின் நிழல் நேரே பரளியாற்றுக்குள் கிடக்கிறது! கரையேறி நிற்கும் தூண்களோ குட்டை. டேப்பைப் பிடித்தபடி தண்ணீரைப் பார்த்து நின்றார் பாருங்கள், அந்த முகம் மறக்காது. அப்புறம் மேலிருந்து கல் போட்டோம். 2.7 விநாடி. 35 மீட்டர் பக்கம் வந்தது, அதாவது 115 அடி. சரிதான்.

ஓய்வுபெற்ற ஹெச்.எம்.
கீழே ஆள் குளிக்கிற இடத்தில் கல் போட்டதைப் பெருமையாக எழுதுகிறீர்கள். நாகர்கோவில் சாக்கடை கலந்து வரும் தண்ணீரை நாக்கில் வைக்க விட்டவர் இன்னொருவர். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு மழை, ஜூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. பிள்ளைகளை பிப்ரவரி வாக்கில் கூட்டிப்போங்கள். கோதையாறு, பரளியாறு பக்கம் என்றால் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் ஷட்டர் நிலவரம் விசாரிக்காமல் இறங்காதீர்கள். ஓட்டத்தின் வேகம் அளக்க ஆரஞ்சுப் பழம் போதும். பெரும்பகுதி மூழ்கி மிதக்கும், காற்று அதிகம் தள்ளாது. 10 மீட்டரை மூன்று தடவை ஓடவிட்டு சராசரி எடுங்கள். கிடைப்பது மேல்மட்ட வேகம்தான். அடியில் தண்ணீர் மெதுவாகப் போகும். அதனால் 0.85-ஆல் பெருக்க வேண்டும். பாதிப்பேர் இதை விட்டுவிடுகிறார்கள். அதை அகலம், ஆழத்தோடு பெருக்கினால் விநாடிக்கு எத்தனை கன மீட்டர் என்று வரும். என் அனுபவமா? குழித்துறையில் ஒரு பிள்ளையின் செருப்பு போயிற்று.

வலைக்காரன் மகள்
ஹெச்.எம். சார், எங்க அப்பாவும் நாக்கில் வைத்துத்தான் பார்ப்பார். பொழி உடைந்தால் காயலில் மீன் மாறும், வலையும் மாறும். பழையாற்றுக்காரன் சார், பையன் சொன்னது சரி என்று அவனிடம் சொன்னீர்களா?

பழையாற்றுக்காரன்
இல்லை. பத்தாவது முடித்துப் போய்விட்டான். அவன் அண்ணன் நம்பர் கேட்டிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற ஹெச்.எம்.
வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றும் கேளுங்கள்.