முன்னாள் மாணவர் மலர்: "சாதனைகள்" பகுதிக்கு வந்த குறிப்புகளை எப்படிச் சரிபார்ப்பது, எப்படிச் சுருக்குவது?

மலர்க்குழு_புதுசு:

வணக்கம். பல்கலைக்கழக முன்னாள் மாணவர் மலரில் "பட்டதாரிகளின் சாதனைகள்" பகுதியைத் தொகுக்க வேண்டும். கூகுள் ஃபார்ம் வழியாக 210 குறிப்புகள் வந்திருக்கின்றன. இருப்பதோ 12 பக்கம், ஏ4 அளவு. யாரை விடுவது, எதை நம்புவது, எந்த வரிசையில் போடுவது, மூன்றுமே பிடிபடவில்லை. பெரும்பாலான குறிப்புகள் இப்படித்தான் இருக்கின்றன (பெயரை எடுத்துவிட்டேன்):

"நமது துறையின் தவப்புதல்வர். உலகப் புகழ்பெற்ற பன்னாட்டு நிறுவனத்தில் மிக உயரிய பதவியை அலங்கரித்து வருகிறார். 12 காப்புரிமைகளுக்குச் சொந்தக்காரர். உலகின் தலைசிறந்த 2% விஞ்ஞானிகளில் ஒருவராக ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தால் கௌரவிக்கப்பட்டவர். நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர். எவரெஸ்டைத் தொட்டவர்."

இதை அப்படியே போட்டால் சிரிப்பார்கள். வெட்டினால் அனுப்பியவர் கோபித்துக்கொள்வார். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பிழைதிருத்தி:

முதலில் இடக் கணக்கு. இரண்டு பத்தியாக, 11 புள்ளி எழுத்தில் ஏ4 பக்கத்துக்குச் சுமார் 450 தமிழ்ச் சொல் பிடிக்கும். 12 பக்கத்துக்கு 5,400. படங்களுக்குக் கால்பங்கு விட்டால் மிச்சம் 4,050. அதை 210 பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு 19 சொல். பெயர், பட்டம், ஆண்டு, என்ன செய்தார், எப்போது: இவ்வளவும் 19 சொல்லில் தாராளமாக அடங்கும். ஆக, யாரையும் விட வேண்டியதில்லை. "தவப்புதல்வர்", "அலங்கரித்து", "உலகப் புகழ்பெற்ற" மூன்றும் போனாலே பாதி இடம் மிஞ்சும். எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டால் கோபமும் வராது.

இனி நீங்கள் காட்டிய குறிப்பு.

நோபல் வரியை யோசிக்காமல் நீக்குங்கள். பரிந்துரைக்கப்பட்டவர் பெயரும் பரிந்துரைத்தவர் பெயரும் 50 ஆண்டுகளுக்கு வெளியிடப்படக் கூடாது என்பது நோபல் அறக்கட்டளையின் விதி. எனவே அண்மைக்காலப் பரிந்துரை எதையும் நம்மால் சரிபார்க்கவே முடியாது. அமைதிப் பரிசுக்கு நாடாளுமன்ற உறுப்பினர்கள், சில துறைப் பேராசிரியர்கள் என உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் பரிந்துரைக்கலாம். சில ஆண்டுகளில் பட்டியல் 300ஐத் தாண்டுகிறது. யாரோ ஒருவர் கடிதம் போட்டார் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அமெரிக்க இதழியல், இலக்கியப் பரிசான புலிட்சரும் இதே கதைதான். கட்டணம் கட்டி நுழைவு அனுப்பிய எல்லோரும் "நாமினி" என்று போட்டுக்கொள்வார்கள். பரிசு வாரியம் 1980 முதல் இறுதிச்சுற்றாளர் பெயர்களை அறிவிக்கிறது. அந்தப் பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போடுங்கள்.

காப்புரிமை: எண்களைக் கேளுங்கள். எண்ணின் கடைசியில் வரும் எழுத்தைப் பாருங்கள். அமெரிக்க, ஐரோப்பிய ஆவணங்களில் ஏ1 என்றால் விண்ணப்பம் பிரசுரமாகியிருக்கிறது, அவ்வளவுதான். பி1, பி2 என்றால் வழங்கப்பட்டுவிட்டது. ஒரு கண்ணி உண்டு: 2001க்கு முந்தைய அமெரிக்கக் காப்புரிமைகளில் வெறும் ஏ என்பதே வழங்கப்பட்டதைக் குறித்தது. எனவே மூத்தவர்களின் எண்ணைப் பார்த்து அவசரப்பட்டு "விண்ணப்பம் மட்டும்" என்று எழுதிவிடாதீர்கள். அடுத்து, ஒரே கண்டுபிடிப்பை 4 நாடுகளில் பதிந்தால் 4 எண் கிடைக்கும். கூகுள் பேட்டன்ட்ஸ், எஸ்பேஸ்நெட் என்ற இரண்டு காப்புரிமைத் தேடுதளங்களிலும் ஒரு எண்ணைத் தட்டினால் அதன் "குடும்பம்" முழுவதும் வரும். குடும்பத்தை எண்ணுங்கள், உறுப்பினர்களை எண்ண வேண்டாம்.

எவரெஸ்ட்: "தொட்டவர்" என்பது வசதியான சொல்! சிகரமா, அடிவார முகாமா என்று நேராகக் கேட்டுவிடுங்கள். தெற்கு அடிவார முகாம் 5,364 மீட்டர், சிகரம் 8,848.86 மீட்டர். நேபாள இமயச் சிகரங்களில் ஏறியவர்களை ஹிமாலயன் டேட்டாபேஸ் பெயர் பெயராகப் பதிந்து வைத்திருக்கிறது, யார் வேண்டுமானாலும் தேடலாம். முகாம் வரை போனதும் போடத்தக்க செய்திதான். அதை அந்தப் பெயரிலேயே போடுங்கள்.

மேற்கோள்_எண்ணி:

அந்த 2% விஷயம் எனக்குப் பழகிய தலைவலி. அது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் கொடுக்கும் விருதோ கௌரவமோ இல்லை. அங்குள்ள பேராசிரியர் ஜான் அயோனிடிஸும் உடன் ஆய்வாளர்களும் ஆய்வுக் கட்டுரைகளின் மேற்கோள்களைத் திரட்டும் ஸ்கோபஸ் தரவை வைத்துக் கணக்கிட்டு, எல்சவியர் பதிப்பகத்தின் தரவுக் களஞ்சியத்தில் வெளியிடும் எக்செல் பட்டியல். அதில் இரண்டு அட்டவணை: ஒன்று பணிவாழ்வு முழுவதற்கும், இன்னொன்று ஒரே ஓர் ஆண்டுக்கு. இரண்டுக்கும் நிறைய வித்தியாசம். போடுவதானால் எந்த அட்டவணை, எந்த ஆண்டு, எந்த உட்துறை என்று சேர்த்துப் போடுங்கள். அந்த விவரத்தைக் கேட்டதுமே பாதிப் பேர் "வேண்டாம், விட்டுவிடுங்கள்" என்பார்கள்.

இதே வகையில் அடிக்கடி வரும் வேறு சில. 2007 நோபல் அமைதிப் பரிசு ஐ.பி.சி.சி. என்ற ஐ.நா. காலநிலை அமைப்புக்கும் அல் கோருக்கும் போனது. அறிக்கைகளில் பங்களித்த விஞ்ஞானிகளைத் தனித்தனியே நோபல் பரிசாளர் என்பது தவறு என்று அந்த அமைப்பே 2012இல் விளக்கம் கொடுத்துவிட்டது. எஃப்.ஆர்.எஸ். என்பது பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், எஃப்.ஆர்.எஸ்.ஏ. என்பது கலைகளுக்கான வேறொரு சங்கம், தாமே விண்ணப்பித்து ஆண்டுச் சந்தா கட்டிச் சேரலாம். ஐ.இ.இ.இ. என்ற மின், மின்னணுப் பொறியாளர் அமைப்பில் சீனியர் மெம்பர் தகுதிக்குத் தாமே விண்ணப்பிக்கலாம். ஃபெலோ தகுதி ஓர் ஆண்டில் வாக்குரிமை உள்ள உறுப்பினர்களில் 0.1 விழுக்காட்டுக்கு மேல் தரப்படுவதில்லை. ஒரு எழுத்து மாறினால் ஆளே மாறிவிடுகிறார்.

ஆர்க்கிட் (ஆய்வாளர் அடையாள எண்) பக்கத்தைச் சான்றாக அனுப்பினால் ஒவ்வொரு பதிவின் கீழும் "மூலம்" என்ற வரியைப் பாருங்கள். அங்கே அவர் பெயரே இருந்தால் அவரே எழுதிக்கொண்டது. பல்கலைக்கழகம், கட்டுரைகளைப் பதியும் கிராஸ்ரெஃப் போன்ற பெயர் இருந்தால்தான் வெளிச் சான்று.

விலைக்கு விருது விற்பவர்களைக் கண்டுபிடிக்க ஒரே கேள்வி: "தேர்வான பின் நீங்கள் ஏதாவது கட்டணம், மேசைக் கட்டணம், கேடயக் கட்டணம் கட்டினீர்களா?" ஆம் என்றால் போட வேண்டாம்.

ஓட்டக்காரி:

விளையாட்டுப் பக்கம் சின்னச் சேர்க்கை. "அயர்ன்மேன் முடித்தார்" என்று வந்தால் முழுதா பாதியா கேளுங்கள். முழு தூரம் 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். 70.3 என்று சான்றிதழில் இருந்தால் அது பாதி. அந்த எண் மைல் கணக்கு. மாரத்தான் 42.195 கி.மீ., அதற்குக் குறைவான எதையும் "மினி மாரத்தான்" என்றுகூட எழுதாமல் தூரத்தைப் போடுங்கள். நேரம் போடுவதென்றால் சிப் நேரம், அதாவது அவர் தொடக்கக் கோட்டைத் தாண்டியதிலிருந்து கணக்கிட்டது. கின்னஸ் சான்றிதழ் வந்தால், பல நூறு பேர் சேர்ந்து செய்ததில் பங்கேற்பா, தனிச் சாதனையா என்று வாசகத்தைப் படியுங்கள்.

பட்டியல்_பாண்டி:

எல்லோரும் சரிபார்ப்பைப் பற்றியே சொல்கிறீர்கள். எனக்குப் பெரிய குறை ஃபார்மிலேயே தெரிகிறது. "சாதனை" என்ற சொல்லைத் தலைப்பில் போட்டால் கூச்சமில்லாதவர்கள் மட்டும் எழுதுவார்கள். 25 ஆண்டு பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவரும், செவிலியர் பணியில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் பொறுப்பேற்றவரும், வேலையை விட்டு விதைநெல் சேகரிப்பவரும் "நமக்கென்ன சாதனை" என்று மூடிவிட்டுப் போவார்கள். "கடந்த 2 ஆண்டில் உங்கள் வேலையிலோ வாழ்க்கையிலோ நடந்த ஒரு மாற்றம்" என்று கேளுங்கள். மலரிலும் "நம்மவர் செய்திகள்" என்று தலைப்பு வையுங்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1900இல் தொடங்கிய முன்னாள் மாணவர் இதழில், வகுப்பு வாரியாக ஒரு செயலாளர் இந்தச் செய்திகளைத் திரட்டி எழுதுவது வழக்கம். நீங்களும் பேட்ச்சுக்கு ஒருவரைப் பிடியுங்கள். எழுதாதவர்களிடம் போனில் கேட்டு வாங்குவதுதான் அவர் வேலை.

ஃபார்மில் "பேட்ச்" என்று மட்டும் கேட்காதீர்கள். சிலர் சேர்ந்த ஆண்டைப் போடுவார்கள், சிலர் முடித்த ஆண்டை. 1995–98 என்று இரண்டையும் கேளுங்கள். சேர்க்கைப் பதிவேட்டில் இருந்த பெயர் ஒரு கட்டம், இப்போதைய பெயர் இன்னொரு கட்டம். இனிஷியலை விரித்தவர்கள், திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றியவர்கள் எல்லாம் இரண்டு ஆளாக வந்து நிற்பார்கள். பட்டம் முடித்தாரா, பாதியில் விட்டாரா என்பதும் தேவை. 2003இல் தொடங்கிய ஷாங்காய் உலகப் பல்கலைக்கழகத் தரவரிசை, நோபலோ கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கமோ வாங்கிய முன்னாள் மாணவர்களுக்கு 10% மதிப்பெண் ஒதுக்குகிறது; அங்கேகூடப் பட்டம் பெற்றவர்தான் கணக்கு. பாதியில் போனவரை ஒதுக்கச் சொல்லவில்லை, "(1995–97)" என்று ஆண்டை மட்டும் போட்டுவிடுங்கள்.

வரிசை: முடித்த ஆண்டு, அதற்குள் அகரவரிசை. பதவி பெரியவர் முதலில் என்று ஆரம்பித்தால் சண்டை அச்சகம் வரை வரும்.

மலர்க்குழு_புதுசு:

மிக்க நன்றி. அந்த மாதிரிக் குறிப்பை அனுப்பியவரிடம் கேட்டுவிட்டேன். 12 எண்ணில் 5 நிலுவையில் உள்ள விண்ணப்பம், 4 ஏற்கெனவே கணக்கில் வந்ததன் வெளிநாட்டுப் பதிவு. மிச்சம் 3. எவரெஸ்ட் அடிவார முகாம் வரைதானாம். 2% வரி வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். பதவி, ஆய்வுப் பிரிவின் துணை இயக்குநர், ஜூன் 2024 முதல். இன்னும் இரண்டு சந்தேகம்: மலரைப் பி.டி.எஃப்.ஆக இணையத்திலும் ஏற்றப் போகிறோம், என்ன கவனிக்க வேண்டும்? படங்கள் எல்லாம் வாட்ஸ்அப்பில் மங்கலாக வருகின்றன.

பிழைதிருத்தி:

அப்படியானால் குறிப்பு இது:

"(பெயர்) (எம்.எஸ்சி. இயற்பியல், 1998): (நிறுவனம்) பொருளறிவியல் ஆய்வுப் பிரிவின் துணை இயக்குநராக ஜூன் 2024இல் பொறுப்பேற்றார். 3 கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை பெற்றுள்ளார். எவரெஸ்ட் அடிவார முகாம் (5,364 மீ.) வரை நடந்தார்."

24 சொல். 19ஐத் தாண்டுகிறது, ஆனால் வேலை மாற்றம் மட்டும் உள்ளவர்களுக்கு 12 சொல் போதும், சராசரியில் சரியாகிவிடும். "துணை இயக்குநராக இருக்கிறார்" என்று எழுதாமல் மாதமும் ஆண்டும் போட்டு "பொறுப்பேற்றார்" என்றது வேண்டுமென்றேதான். மலர் கைக்கு வருவதற்குள் அவர் வேலை மாறினாலும் வாக்கியம் பொய்யாகாது.

இணையத்தில் ஏற்றுவதற்கு ஒப்புதல் தனி, அச்சுக்கு ஒப்புதல் தனி. ஃபார்மில் இரண்டு கட்டம் வையுங்கள். ஒப்புதலை எப்போதும் திரும்பப் பெறலாம் என்கிறது 2018 மே 25 முதல் நடப்பில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதி. அதே வழியை எல்லோருக்கும் வைத்துவிட்டால் யார் எங்கே வசிக்கிறார் என்று பார்க்க வேண்டியதில்லை. போன் எண், வீட்டு முகவரி, குழந்தைகளின் பெயர், பிறந்த தேதி நான்கும் இணையப் பதிப்பில் வேண்டாம். ஒருவரைப் பற்றி இன்னொருவர் அனுப்பிய குறிப்பை உரியவர் பார்த்துச் சரி சொல்லும்வரை நிறுத்தி வையுங்கள். அவரது நியமனத்தை நிறுவனமே இன்னும் அறிவிக்காமல் இருக்கலாம்.

மறைவுச் செய்தியை இந்தப் பகுதியோடு கலக்காதீர்கள், குடும்பத்தார் ஒருவர் உறுதிசெய்யாமல் போடவும் போடாதீர்கள். ஒரே பேட்ச்சில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பது சாதாரணம், வாட்ஸ்அப் குழுவில் வரும் இரங்கலுக்கு இனிஷியல் இருக்காது.

படம்: வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், "டாக்குமென்ட்" என்று அனுப்பச் சொல்லுங்கள். 5 செ.மீ. அகலத்தில் 300 டி.பி.ஐ.க்கு 600 பிக்சல் வேண்டும். கோப்பின் பெயர் "1998_இயற்பியல்_பெயர்" என்று இருக்கட்டும். 210 படமும் "ஐஎம்ஜி" என்று தொடங்கினால் வடிவமைப்பாளர் ஒருவர் முகத்தை இன்னொருவர் பெயருக்கு மேல் வைத்துவிடுவார். அதைப் பிழைதிருத்தும்போது எந்தக் கண்ணும் பிடிக்காது, அவர்களோடு படித்தவர் பார்த்தால்தான் தெரியும். எனவே அச்சுக்குப் போகும் முன் பக்கங்களை அந்தந்தப் பேட்ச் பொறுப்பாளருக்கு ஒருமுறை அனுப்பி, 3 நாள் கெடு கொடுங்கள்.