கம்பி பிரேக் வைத்த பழைய 28 இன்ச் சைக்கிளை ஆபீஸ் வண்டியாக்கியவர்கள்: எதை மாற்றினீர்கள், எது காலை வாரியது?

திருச்சி

வண்டி ஹெர்குலிஸ், அட்லஸ், ஹீரோ எதுவாகவும் இருக்கட்டும். கம்பி பிரேக் (கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பி இழுப்பது), இரும்பு ரிம், ஒற்றை கியர். தினம் போக வர 20 கிலோமீட்டர், நடுவில் இரண்டு மேம்பாலம், ஐப்பசி மழையிலும் ஓட வேண்டும். செய்தவர்களும் செய்து கொடுத்தவர்களும் மேலே ஊர்ப் பெயரைப் போட்டு அளவோடு சொல்லுங்கள். "நல்ல சாமானா பார்த்துப் போடுங்க" என்ற பதில் ஏற்கெனவே நிறைய கிடைத்துவிட்டது.

அம்பத்தூர்

எந்தச் சாமானும் வாங்குவதற்கு முன் டயரின் பக்கவாட்டைப் படியுங்கள். 28 × 1½ என்பதற்குப் பக்கத்தில் 40-635 என்று இருக்கும். 635 என்பது டயரின் கம்பி விளிம்பு ரிம்மில் உட்காரும் விட்டம், மில்லிமீட்டரில். கடையில் "இதுவும் 28 இன்ச்தான்" என்று எடுத்துத் தரும் 700சி டயர் 622. வித்தியாசம் 13 மி.மீ. 622 டயரை 635 ரிம்மில் ஏற்றவே முடியாது, அதனால் நஷ்டம் பணத்தோடு போகும். 635 டயர் 622 ரிம்மில் வழுக்கிக்கொண்டு ஏறும், காற்று ஏறியதும் ரிம்மை விட்டு வெளியே வரும். மெக்கானிக் இல்லாத நேரத்தில் கடைப்பையன் இப்படி மாட்டிக் கொடுத்த வண்டிகள் வருவதுண்டு. லேடீஸ் சைக்கிளின் 26 × 1⅜ டயர் 590, எம்டிபி என்ற மலைச் சைக்கிளின் 26 டயர் 559. இவையும் ஒன்றுக்கொன்று சேராது.

அதன் பிறகு இரண்டே வழி. இரும்பு ரிம்மும் கம்பி பிரேக்கும் சேர்ந்தே இருக்கட்டும், அல்லது அலுமினிய ரிம்மும் கேபிள் பிரேக்கும் சேர்ந்தே வரட்டும். ரிம்மை மட்டும் மாற்ற முடியாது. கம்பி பிரேக்கின் கட்டை, ரிம்மின் உள்பக்கத்தில், அதாவது சக்கர நடுவிலுள்ள ஹப்பைப் பார்த்த முகத்தில் போய் அழுத்துகிறது. அலுமினிய ரிம்மில் அதற்கான முகமே கிடையாது.

அலுமினியம் என்று முடிவானால், 622 ரிம் போட்டதும் பிரேக் கட்டை பிடிக்க வேண்டிய இடம் 6.5 மி.மீ. கீழே இறங்கும். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் தலையில் உள்ள ஓட்டையின் நடுவிலிருந்து ரிம்மின் பக்கச் சுவர் நடுவரை அளந்து, அந்தத் தூரத்துக்கு எட்டும் காலிப்பர் (ரிம்மை இரண்டு பக்கமும் கவ்வும் கேபிள் பிரேக்) வாங்குங்கள். ரேஸ் சைக்கிளுக்கு வரும் 47–57 மி.மீ. காலிப்பர் இந்த ஃபோர்க்கில் ரிம்மைத் தொடாமல் டயரைத்தான் கடிக்கும்.

ஓட்டைக் கணக்கு இன்னொரு பொறி. நம் பழைய வண்டிகளில் முன் சக்கரம் 32 போக்ஸ் கம்பி, பின் சக்கரம் 40. முன் ஹப்பை 32 ஓட்டை அலுமினிய ரிம்மில் அப்படியே கட்டலாம். 40 ஓட்டையில் அலுமினிய ரிம் கிடைப்பது குதிரைக்கொம்பு. எனவே பின் ஹப்பும் 36 ஓட்டைக்கு மாற வேண்டும். புது முன் ஹப் வாங்கினால் அதன் அச்சு 9 மி.மீ., பழைய ஃபோர்க்கின் வெட்டு 8 மி.மீ. அளவில் இருக்கும். அரத்தால் இரண்டு பக்கமும் சமமாக ராவ வேண்டும். ஒரே பக்கம் ராவினால் சக்கரம் ஒருக்களித்து நிற்கும், ரிம்மில் கோட்டம் என்று நினைத்து அரை நாள் போக்ஸைத் திருகிக்கொண்டிருப்பீர்கள்.

கோவை

எல்லோரும் அலுமினியத்துக்கு ஓட வேண்டாம் என்பது என் கட்சி. வெயிலில் கம்பி பிரேக் போதும். பிரச்சினை மழை. நனைந்த குரோம் ரிம்மில் ரப்பர் கட்டை முதல் சில சுற்றுக்கு தண்ணீரை வழிப்பதோடு சரி, பிடிப்பு அதற்குப் பிறகுதான். முகத்தில் தோல் வைத்த கட்டை ஈரத்தில் தெளிவாக நன்றாகப் பிடிக்கும். கட்டைக்கும் ரிம்முக்கும் 2–3 மி.மீ. இடைவெளி போதும். அதற்கு மேல் விட்டால் லீவரின் பாதித் தூரம் கம்பி மூட்டுகளின் ஆட்டத்திலேயே தீர்ந்துவிடும். மூட்டுத் திருகுகள் தேய்ந்திருந்தால் முதலில் அவற்றை மாற்றுங்கள், சின்னச் சாமானுக்காக பிரேக்கையே குறை சொல்லக் கூடாது.

மழையில் நிச்சயமாக நிற்க வேண்டும் என்றால், முன் சக்கரத்துக்கு டிரம் பிரேக் ஹப் போட்டு, இரும்பு ரிம்மையே அதில் கட்டிவிடலாம். தண்ணீர் உள்ளே போகாது, ரிம் தேயாது. அதன் கைப்பட்டையை ஃபோர்க் காலில் கிளிப் போட்டு இறுக்க மறந்தால், பிரேக் பிடித்த கணத்தில் அச்சே சுழன்று கேபிளை அறுக்கும். ஹப் வாங்கும் முன் ஃபோர்க்கின் உள் அகலத்தை அளந்துவிடுங்கள். பழையது 90 மி.மீ. அருகில் இருக்கும், புது ஹப்கள் 100.

மதுரை

மேம்பாலக் கேள்விக்கு வருகிறேன். கணக்கு எளிது. 40-635 டயரின் விட்டம் சுமார் 715 மி.மீ., ஒரு சுற்றுக்கு 2.24 மீட்டர். முன் பல் 44, பின் பல் 18 என்றால் பெடல் ஒரு சுற்றுக்கு 5.5 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர். சமதரையில் சரி, பாலத்தில் முழங்காலுக்குக் கேடு. பின் பல்லை 20 ஆக்கினால் 4.9 மீட்டர், 22 ஆக்கினால் 4.5 மீட்டர், வேகம் 16. ஊருக்குள் சிக்னலுக்கு சிக்னல் ஓடும் வண்டிக்கு 22தான் சரி. இருப்பதிலேயே செலவு குறைந்த மாற்றமும் இதுதான்.

18-ஐ எடுத்து 22 போட்டால் செயினில் இரண்டு கண்ணி கூட்ட வேண்டும், சக்கரம் ஏறக்குறைய பழைய இடத்திலேயே நிற்கும். 20 போட்டால் செயினைத் தொட வேண்டாம், சக்கரம் 6 மி.மீ. முன்னே வரும். மட்கார்டில் உரசுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பின் பல் உள்ள பழைய ஃப்ரீவீலைக் கழற்றுவதுதான் வேலை. வெட்டு உள்ள ஃப்ரீவீல் என்றால் கழற்றும் சாவியை வைஸில் பிடித்து, சக்கரத்தையே ஸ்டீயரிங் மாதிரி இடப்பக்கம் திருப்புங்கள். ஸ்பேனரால் முயன்றால் வெட்டுதான் உடையும். வெட்டே இல்லாத மாடல் என்றால் மேல் மூடியைத் திறந்து (இது எதிர் இழை, வலப்பக்கம் சுற்றினால் கழலும்), குண்டுகளைக் கீழே தட்டில் வாங்கிக்கொண்டு, உள் உடலை பைப் ரெஞ்சில் பிடித்துத் திருப்ப வேண்டும். புது ஃப்ரீவீலுக்கு இழையில் கிரீஸ் தடவாமல் ஏற்றினால் அடுத்த முறை உங்களைத்தான் திட்டுவார்கள்.

செயின் தொய்வு நடுவில் மேலும் கீழும் சேர்த்து அரை இன்ச். செயின்வீல் முழு வட்டமாக இருப்பது அபூர்வம், எனவே பெடலை மெல்லச் சுற்றி எங்கே அதிகம் இறுகுகிறதோ அங்கே வைத்து இந்த அரை இன்ச்சைப் பாருங்கள். இணைப்புக் கண்ணியின் கிளிப்பில் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும்.

கோவை

மதுரை அண்ணன் கணக்கு ஊருக்குள் சரி. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் எதிர்க்காற்றில் 44–22 கூடக் கனக்கும். காற்று பின்னால் இருக்கும்போது அதே 22-ல் கால் வெறுமனே சுழலும். அதற்கு வழி, கியர் உள்ளேயே இருக்கும் மூன்று கியர் ஹப். ஸ்டர்மி ஆர்ச்சர் ஏடபிள்யூ வகையில் கீழ் கியர் 75 சதவீதம், நடு கியர் நேரடி, மேல் கியர் 133 சதவீதம். அதில் 22 பல் போட்டால் ஒரு மிதிக்கு 3.4, 4.5, 6 மீட்டர். மேல் கியர், 48–18 போட்ட பழைய வண்டிக்குச் சமம்.

கேபிள் சரியாக வைக்காவிட்டால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் கியரே பிடிக்காத ஓர் இடம் உண்டு. எழுந்து நின்று மிதிக்கும்போது அங்கே விழுந்தால் கால் சட்டென்று வெறுமையில் இறங்கும், ஆள் பாருக்கு மேல். கியர் மாற்றியதும் அரைச் சுற்று உட்கார்ந்தே மிதித்துப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள். அச்சு சுழலாமல் தடுக்கும் வாஷர் இரண்டு பக்கமும் கட்டாயம். செயின் பல்லுக்குப் பல் தாவும் கியர், அதான் டிரெய்லியர் போடுவது இந்த பிரேமுக்கு வீண் வேலை. பின் இடைவெளி 110 மி.மீ. சுற்றில் இருக்கும், ஏழு கியர் ஹப் குறைந்தது 126 கேட்கும், கியரை மாட்ட பிரேமில் காதும் இல்லை, செயின் கவரும் போய்விடும்.

அம்பத்தூர்

செயின் கவரைக் கழற்றி அழகு பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மழையில் செயினைக் காப்பாற்றுவது அதுதான். தேங்காய் எண்ணெய் போடாதீர்கள், பிசினாகும். தையல் மெஷின் எண்ணெய் ஒரே மழையில் போய்விடும். மூடிய கவருக்குள் 90 நம்பர் கியர் ஆயில் நன்றாக நிற்கும். திறந்த செயினுக்கு அதையே போட்டால் புழுதி ஒட்டி அரைக்கும் மாவாகும். 12 இன்ச் ஸ்கேலை பின்னிலிருந்து பின்னுக்கு வைத்துப் பாருங்கள். 24 கண்ணி சரியாக 12 இன்ச் இருக்க வேண்டும். ⅛ இன்ச் நீண்டிருந்தால் செயினை மாற்றுங்கள், தள்ளிப்போட்டால் பல்லும் சேர்ந்து போகும்.

யாழ்ப்பாணம்

இஞ்ச லுமாலா, றலி எண்டு எந்தச் சைக்கிளுக்கும் முதல் எதிரி உப்புக்காத்து. ஹாண்டில் தண்டும் சீற்றுத் தண்டும் உள்ளுக்குள்ளயே துருப்பிடிச்சு இறுகிப்போகும். வருசத்துக்கு ஒருக்கா ரெண்டையும் வெளியில எடுத்து கிரீஸ் பூசிப் போடுங்கோ. ஹாண்டில் தண்டைக் கழட்டேக்க மேல் போல்டை முழுக்கக் கழட்ட வேண்டாம். ரெண்டு சுத்து தளர்த்தி, மேல ஒரு பலகைத் துண்டு வைச்சு சுத்தியலால ஒரு தட்டுத் தட்டினால் கீழ் ஆப்பு விடுபடும். திருப்பிப் போடேக்க குறைஞ்சது 65 மி.மீ. உள்ளுக்கு நிக்கவேணும்.

குண்டுக் கணக்கும் எழுதிவைச்சுக் கொள்ளுங்கோ: முன் ஹப் பக்கத்துக்கு 10 (3/16 இன்ச்), பின் ஹப் பக்கத்துக்கு 9 (¼ இன்ச்), பெடல் கிராங்க் அச்சு பக்கத்துக்கு 11 (¼ இன்ச்). பழசோட புதுசைக் கலக்கக்கூடாது. தேய்ஞ்ச குண்டு சின்னன், பாரம் முழுக்கப் புதுக்குண்டில ஏறி கோன் குழிவிழும்.

இராமநாதபுரம்

இங்கே எதிரி சீமைக் கருவேல முள். பழைய டயரின் ஓரக் கம்பிகளை வெட்டி எறிந்துவிட்டு நடுப்பட்டையை உள்ளே போடுவது பழக்கம். போடலாம், ஆனால் பட்டையின் இரண்டு ஓரத்தையும் கத்தியால் சரிவாகச் சீவி, முனை சேருமிடத்தை மெல்லியதாக்குங்கள். சீவாத ஓரம் டியூபை மெல்ல அறுக்கும், முள் குத்தாமலே பஞ்சர்.

வால்டியூப் (வால்வு மேல் மாட்டும் சின்ன ரப்பர் குழாய்) வைத்த வால்வில் சாதாரண கேஜ் காற்றைச் சரியாகக் காட்டாது. கார் வால்வு உள்ள 700சி டியூப் (38–45 அகலம்) வாங்கிப் போடுங்கள். 635 டயருக்குள் இழுத்துப் போட்டால் உட்காரும், ரிம் ஓட்டையும் பெரும்பாலும் அப்படியே பொருந்தும். ஆளும் வண்டியும் 90 கிலோ என்றால் பின்னால் 50, முன்னால் 40 பிஎஸ்ஐ.

சேலம்

விளக்கு. பாட்டில் டைனமோ தருவது 6 வோல்ட், 3 வாட், ஏசி. வேகம் கூடினாலும் கரண்ட் அரை ஆம்பியர் அளவில் தானாக நின்றுவிடும் என்பதால் எல்இடிக்கு அது தோதானது. 1என்5819 டயோடு நான்கில் ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் கட்டி, 3 வாட் வெள்ளை எல்இடி இரண்டைத் தொடராக மாட்டி, அலுமினியத் தகட்டில் பதித்துவிடுங்கள். பழைய டைனமோவில் ஒரு முனை பிரேமிலேயே சேர்ந்திருக்கும். பிரிட்ஜுக்குப் பிறகு எல்இடியின் எந்த முனையும் பிரேமைத் தொடக் கூடாது, இரண்டு ஒயர் தனியாக ஓடட்டும். எல்இடிப் பக்கம் கழன்று டைனமோ சும்மா சுழன்றால் வோல்டேஜ் பல மடங்கு ஏறும், நடுவில் 16 வோல்ட் கெப்பாசிட்டர் வைத்திருந்தால் அது போச்சு. எனவே இணைப்புகளை முறுக்கி விடாமல் சால்டர் வையுங்கள்.

டைனமோவின் நடுக்கோட்டை நீட்டினால் அது ஹப்பின் நடுவில் போய்ச் சேர வேண்டும். தவறினால் உருளை டயரைச் சீவும். பின்விளக்கை டைனமோவில் கட்டாதீர்கள், சிக்னலில் நின்றதும் அணையும். பேட்டரி சிவப்பு விளக்கே போதும்.

திருச்சி

22 பல், தோல் கட்டை, பேட்டரி பின்விளக்கு என்று தொடங்கலாம் போலிருக்கிறது. கிராங்கில் ஒரு ஆட்டம் இருக்கிறது, மிதிக்கும்போது டக் டக் என்கிறது. பின் சக்கரத்தில் வலப்பக்கம் போக்ஸ் அடிக்கடி போகிறது. இரண்டும் கேரியரில் சுமை ஏற்றுவதாலா?

அம்பத்தூர்

போக்ஸுக்கு சுமை ஒரு காரணம், முழுக் காரணமல்ல. கேஸ் சிலிண்டரையே (நிறைந்தது 30 கிலோ அருகில்) இந்தக் கேரியரில் வைத்து ஓட்டுகிறார்கள். வளைவில், அதாவது ஹப் ஓட்டைக்குப் பக்கத்தில் உடைகிறதென்றால் இழுவிசை ஏறுமாறாக இருக்கிறது. இரண்டு போய் மூன்றாவதும் போனால், அந்தப் பக்கம் முழுவதையும் புதிதாகக் கட்டச் சொல்லுங்கள். கட்டியதும் இணையாக ஓடும் போக்ஸ்களை இரண்டிரண்டாகக் கையில் சேர்த்துப் பிடித்து அழுத்த வேண்டும். கிறுக் கிறுக்கென்று சத்தம் வந்து உட்காரும், பிறகு மறுபடி கோட்டம் எடுக்க வேண்டும். இந்த இரண்டாவது சுற்றைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

டக் டக் சத்தம் காட்டர் பின், அதாவது கிராங்கை அச்சோடு பூட்டும் ஆப்பு. பழைய பின்னை மறுபடி தட்டி உள்ளே விடாதீர்கள், அதன் சரிவு முகத்தில் அச்சின் தழும்பு விழுந்திருக்கும். அதே விட்டத்தில் புதுப்பின் வாங்கி, அரத்தால் முகத்தைச் சமமாக ராவி, இழை முனை வெளியே 8–10 மி.மீ. வருமாறு பொருத்துங்கள். இரண்டு பின்னும் எதிரெதிர் திசையில் ஏற வேண்டும். கிராங்கைக் கிடையாக வைத்தால் ஒன்றின் நட்டு மேலே, மற்றதன் நட்டு கீழே. ஒரே திசையில் போட்டால் இரண்டு பெடலும் நேர்கோட்டில் நிற்காது. சுத்தியலால் அடிக்கும் முன் கிராங்குக்கு அடியில் தரையில் ஊன்றிய இரும்புக் குழாய் ஒன்றை முட்டுக் கொடுங்கள், முட்டில்லாமல் அடித்தால் அந்த அடி முழுவதும் குண்டிலும் கப்பிலும் இறங்கும். அடித்த பிறகே நட்டு. 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முட்டுக் கொடுத்து இரண்டு தட்டு தட்டி, நட்டை இறுக்குங்கள். நட்டை மட்டும் முறுக்கிப் பின்னை உள்ளே இழுக்கப் பார்த்தால் இழைதான் போகும்.