கேட்காமலேயே நிரம்பிய கட்டங்கள்: பாஸ்வேர்ட் மேனேஜர் அனுபவங்கள்

வரவுசெலவு:
பணம் அனுப்பப் புதிய கணக்கைச் சேர்க்கும் பக்கம் எல்லோரும் பார்த்ததுதான். கணக்கு எண்ணை இரண்டு முறை கேட்பார்கள். முதல் கட்டத்தில் தட்டுவது புள்ளிகளாக மறையும், ஓரத்தில் ஒரு கண் படம் இருக்கும்.

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் லிஃப்ட் பழுதுபார்ப்பவருக்கு முன்பணம் அனுப்ப வேண்டியிருந்தது. நிர்வாகக் குழு முழுவதும் வீடியோ அழைப்பில் உட்கார்ந்து என் திரையைப் பார்க்கிறது. கிளைக் குறியீட்டில் ஓர் எழுத்து பிசகியதால் பக்கம் மறுபடி ஏற்றப்பட்டது. திரும்பி வந்தபோது முதல் கட்டத்தில் புள்ளிகள் அப்படியே இருந்தன, இரண்டாவது மட்டும் காலி. அதை நிரப்பி அனுப்பினால், ‘கணக்கு எண்கள் பொருந்தவில்லை’ என்கிறது. ‘கண்ணை அழுத்துங்கள் சார், எந்த இலக்கம் தப்பு என்று பார்த்துவிடலாம்’ என்றார் செயலாளர். அழுத்தினேன். கணக்கு எண் இருக்க வேண்டிய இடத்தில் என் நெட்பேங்கிங் கடவுச்சொல் நின்றது, மனைவியை நான் வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயரோடு. யாரும் எதுவும் பேசவில்லை. ஒருவர் மட்டும் இருமினார்.

கடவுச்சொல்லை அன்றே மாற்றியாகிவிட்டது. லிஃப்டில் எதிர்ப்படும்போதெல்லாம் செயலாளர் முகத்தில் வருகிறதே ஒரு சிரிப்பு, அதை எப்படி மாற்றுவது?

கீழவாசல்:
‘பயனாளி பெயர்’ கட்டத்தில் உங்கள் லாகின் பெயரும் வந்து உட்கார்ந்திருக்குமே, பார்க்கவில்லையா? மறைத்துக் காட்டும் கட்டம் எதைக் கண்டாலும் கடவுச்சொல், அதற்கு முன்னால் நிற்கும் கட்டம் பயனர் பெயர். கடவுச்சொல்லைச் சேமித்துவைத்துத் தானாக நிரப்பும் இந்த பாஸ்வேர்ட் மேனேஜர் மென்பொருள்களின் ஊகம் பெரும்பாலும் அவ்வளவுதான்.

இந்த ஊகத்தால் ஓர் அண்ணாச்சிக்கு நெஞ்சுவலியே வந்திருக்கும். மின்சாதன மொத்த வியாபாரம், சரக்குக் கணக்கு மென்பொருளை நான்தான் பராமரிக்கிறேன். காலையில் கடை திறந்ததும் போன். ‘தம்பி, சரக்கு பூராவும் போய்விட்டது. ஒன்றுகூட இல்லை என்று காட்டுகிறது.’ பின்னால் யாரோ போலீஸ் என்று சொல்வது கேட்கிறது. ஓடிப்போய்ப் பார்த்தால் திரை நடுவில் ‘பொருள் எதுவும் இல்லை’. மேலே தேடல் பெட்டியில், வெளிர்நீலப் பின்னணியில், சின்ன எழுத்தில் அண்ணாச்சியின் மின்னஞ்சல் முகவரி. அந்தப் பெயரில் ஒயரும் இல்லை, சுவிட்சும் இல்லை, பட்டியல் எப்படி வரும்? அழித்தேன். ஆயிரக்கணக்கான வரிகள் மளமளவென்று திரும்பி வந்தன. ‘என்ன செய்தாய்?’ என்றார். ‘உங்கள் பெயரை எடுத்துவிட்டேன் அண்ணாச்சி’ என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

அதே பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாமல், ‘கடவுச்சொல்லை மாற்று’ என்ற சிறு படிவம் ஒளிந்திருந்தது. அதற்கு முன்னால் இருந்த ஒரே எழுத்துக் கட்டம் தேடல் பெட்டி. முந்தைய இரவு பிரவுசர் ‘சேமிக்கட்டுமா?’ என்று கேட்டதற்கு அவர் சரி என்று சொல்லியிருக்கிறார்.

பூட்டுசாவி:
முதலில் எழுதியவரைக் கேட்கிறேன். வங்கிக் கடவுச்சொல்லைப் பிரவுசரில் சேமித்து வைத்துவிட்டு மென்பொருளைக் குறை சொல்வது என்ன நியாயம்? அதில் செல்லப்பெயர் வேறு. எனக்கும் ஒரு தடவை பஸ் டிக்கெட் படிவத்தில் பயணியின் வயதுக் கட்டத்தில் பின்கோடு வந்தது. அழித்துவிட்டு வயதைத் தட்டினேன், அவ்வளவுதான்.

எல்லோருக்கும் பயன்படும் என்பதால் சொல்கிறேன். பக்கம் திறந்தவுடன் தானாக நிரப்பும் வசதியை முதலில் அணைத்துவிடுங்கள். பிட்வார்டன் என்ற பாஸ்வேர்ட் மேனேஜரில் அது ஆரம்பத்திலேயே அணைந்துதான் வரும். நாம் கேட்டால் மட்டும் நிரப்பினால் போதும். இது வெறும் தொந்தரவுப் பிரச்சினை அல்ல. 2017 டிசம்பரில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்றை வெளியிட்டார்கள்: சில விளம்பர நிரல்கள், பார்வைக்குத் தெரியாத லாகின் படிவத்தைப் பக்கத்தில் செருகி, பிரவுசர் தானாக நிரப்பும் மின்னஞ்சல் முகவரியிலிருந்து ஓர் அடையாளக் குறியைத் தயாரித்து ஆளைப் பின்தொடர்ந்தன. அதே நேரத்தில் பாஸ்வேர்ட் மேனேஜரையே தூக்கி எறியாதீர்கள். அசல் தளத்தைப் போலவே இருக்கும் போலித் தளத்தில் நம் கண் ஏமாறும், அது ஏமாறாது. முகவரி பொருந்தாவிட்டால் நிரப்பாமல் சும்மா இருக்கும். அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட், 2017-லேயே கடவுச்சொல்லைத் தட்டாமல் நகலெடுத்து ஒட்டுவதற்குத் (பேஸ்ட்) தளங்கள் இடம் தர வேண்டும் என்று வழிகாட்டியில் எழுதிவிட்டது. நம் ஊர்த் தளங்கள் பல இன்னும் ஒட்ட விடுவதில்லை. அது தனிக் கதை, வேண்டுமானால் பிறகு எழுதுகிறேன்.

மாசிலாமணி வீட்டு மாடி:
வேண்டாம் ஐயா. ஒரு வரி அனுபவத்துக்கு இவ்வளவு நீள உபதேசம் போதும். எல்லோரும் சொந்தக் கணினியில், அமைப்புகளுக்குள் போய் அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பதில்லை.

என் தங்கை மகளின் உதவித்தொகை விண்ணப்பத்துக்காகத் தெருமுனை பிரவுசிங் சென்டருக்குப் போயிருந்தோம். அங்கே நாள் முழுக்க ஒரே கணினி, ஊர்ப்பட்ட விண்ணப்பம். அங்கே விண்ணப்பம் நிரப்பித் தரும் பெண், பெயரின் முதல் எழுத்தைத் தட்டியதும் பட்டியல் ஒன்று விரிந்தது. அதில் எதையோ கை தொட்டுவிட, கீழே உள்ள கட்டங்களெல்லாம் ஒரே மூச்சில் நிரம்பின. பெயர், முகவரி, ஊர் எல்லாவற்றையும் அவர் திருத்தினார். திரைக்குக் கீழே இருந்த மொபைல் எண்ணை யாரும் பார்க்கவில்லை.

‘ஓடிபி வந்ததா?’ என்றார். தங்கை போனையே பார்க்கிறாள், வரவில்லை. ‘மறுபடி அனுப்புகிறேன்.’ அதுவும் வரவில்லை. ஜெராக்ஸ் மிஷின் பக்கத்தில் ரேஷன் கார்டு நகலுக்காக நின்றிருந்த பெரியவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்து, ‘ஏம்மா, எனக்கு என்னமோ நம்பர் நம்பராக வந்துகொண்டே இருக்கிறதே’ என்றார். அவர் எங்களுக்கு முன்னால் விண்ணப்பித்தவர்! அவர் மட்டும் வீட்டுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

நள்ளிரவு நிரல்:
பூட்டுசாவி சொல்வதில் பாதி சரி. ஆனால் பயனரைத் திருத்தச் சொல்வதற்கு முன்னால் படிவம் எழுதுகிறவர்களைத் திருத்த வேண்டும். நானும் அந்தச் சாதிதான், அதனால் உரிமையோடு சொல்கிறேன்.

ஒரு பள்ளியில் ஓர் ஆசிரியைக்கு மட்டும் அடிக்கடி லாகின் போகாது. கடவுச்சொல்லை மறக்கிறார் என்று அலுவலகத்தில் அவர் மேல் ஒரு முத்திரையே விழுந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டபோது அலுவலக உதவியாளரின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஆசிரியை அடிக்கடி வகுப்பு மாறுபவர். ஒவ்வொரு முறையும் உதவியாளர் அவருடைய விவரப் பக்கத்தைத் திறந்து வகுப்பை மட்டும் மாற்றிச் சேமிப்பார். அந்தப் பக்கத்தின் கடைசியில், ‘புதிய கடவுச்சொல் (மாற்ற விரும்பினால் மட்டும்)’ என்ற கட்டத்தில் புள்ளிகள். உதவியாளருடைய கடவுச்சொல் அது. சேமிக்கும்போதெல்லாம் ஆசிரியையின் கணக்குக்கும் அதுவே போய் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆசிரியை பக்கத்திலேயே நின்றார். ‘நான் மறக்கவில்லை என்று எத்தனை தடவை சொன்னேன்’ என்று மட்டும் கேட்டார். உதவியாளர் நிமிரவே இல்லை.

கட்டத்தைத் தானாக நிரப்பலாமா என்று பிரவுசருக்குச் சொல்லும் ‘ஆட்டோகம்ப்ளீட்’ பண்புக்கு, அந்தப் படிவத்தின் நிரலில் ‘ஆஃப்’ என்று எழுதியிருந்தார்கள். லாகின் கட்டங்களில் பிரவுசர்கள் அதைச் சட்டை செய்வதில்லை, வேண்டுமென்றேதான். ‘நியூ-பாஸ்வேர்ட்’ என்று எழுதினால் பழையதைக் கொண்டுவந்து கொட்டுவது பெரும்பாலும் நிற்கும். கணக்கு எண்ணை மறைக்கக் கடவுச்சொல் வகைக் கட்டத்தைப் போடுகிறவர்களுக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. வரவுசெலவு அவர்களே, உங்கள் சங்கடத்துக்குக் காரணம் அந்த வங்கித் தளத்தை எழுதியவர்.

பூட்டுசாவி:
அப்படியானால் செல்லப்பெயரையும் வங்கித் தளம்தான் வைத்ததா?

தேர்வுக்குப் படிப்பவள்:
சண்டைக்கு நடுவில் வருகிறேன். எனக்கு நடந்தது நேர்மாறு. கடைசித் தேதி இரவு, தேர்வு விண்ணப்பம். பெயர், மின்னஞ்சல், முகவரி எல்லாம் சரியாக நிரம்பியிருக்கின்றன. ‘சமர்ப்பி’ அழுத்தினால் ஒவ்வொன்றின் கீழும் சிவப்பில் ‘இந்தக் கட்டத்தை நிரப்பவும்’. என் பெயர் கண்ணெதிரே இருக்கிறது, அதற்கு அடியிலேயே பெயர் இல்லை என்கிறது. அறைத் தோழி வந்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் இடைவெளி தட்டி அழிக்கச் சொன்னாள். சிவப்பு ஒன்றொன்றாகப் போனது. கையால் தட்டினால்தான் அந்தப் பக்கத்துக்கு உறைக்கும்போல.

நள்ளிரவு நிரல், இதற்கும் அந்த ‘ஆட்டோகம்ப்ளீட்’டுக்கும் சம்பந்தம் உண்டா? அடுத்த மாதம் இன்னொரு விண்ணப்பம் இருக்கிறது.