விஸ்கிக்கு எந்த பிட்டர்ஸ், எவ்வளவு? நம் கன்னியாகுமரி மாவட்டத்து அனுபவங்கள்

குளச்சல் ஸ்டீவர்ட்:

நம் பக்கத்தில் கப்பல் வேலைக்குப் போய்வந்தவர்கள் வீட்டு அலமாரியில் ஒரு அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் இருக்க வாய்ப்பு அதிகம். பிட்டர்ஸ் என்றால் வேர், பட்டை, தோல் எல்லாம் மதுவில் ஊறவைத்த கசப்புச் சாறு, கலவை மதுவில் சொட்டுக்கணக்கில் விடுவது. பாட்டிலின் தோள் வரை ஏறி நிற்கும் பெரிய வெள்ளை லேபிள், மஞ்சள் மூடி. ஒருமுறை பார்த்தால் மறக்காது. வாங்கி வந்தவர் அடுத்த கப்பலுக்குப் போயிருப்பார், பாட்டில் மட்டும் தொடாமல் கிடக்கும். அது வீணாகக் கூடாது என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

பயணிகள் கப்பல் பாரில் பல வருஷம் நின்றவன் நான். அங்கே இருந்த மூத்த பார்டெண்டர், புதிதாக வருகிற எவரையும் முதலில் ஒரே ஒரு வேலைதான் செய்யச் சொல்வார். இருக்கிற பிட்டர்ஸ் ஒவ்வொன்றையும் தனித்தனி கிளாஸ் சோடாவில் நாலைந்து டாஷ் விட்டுக் குடித்துப் பார்க்க வேண்டும். விஸ்கி கூடாது, சர்க்கரையும் கூடாது. அப்போதுதான் அங்கோஸ்டுராவில் கிராம்பும் பட்டையும் முன்னால் வருவதும், கசப்பு கடைசியாக நாக்கின் பின்பக்கம் போய்த் தங்குவதும் பிடிபடும். பேஷோஸ் என்கிற பிட்டர்ஸ் சிவப்பாக இருக்கும். சோம்பு வாசம், கசப்பு குறைவு, மெல்லிய இனிப்பும் உண்டு. ஆரஞ்சு பிட்டர்ஸில் தோலின் எண்ணெய் வாசம், சில கம்பெனிச் சரக்கில் கூடவே ஏலக்காய்.

அப்புறம் விஸ்கியைத் தனியாக ஒரு வாய். அதில் என்ன குறைகிறது என்று பார்த்துவிட்டுத்தான் பிட்டர்ஸ் பாட்டிலில் கை வைக்க வேண்டும். செய்முறைக் குறிப்பில் போட்டிருக்கிறது என்பதற்காக எடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. போர்பன், அதாவது மக்காச்சோளத்தில் செய்கிற அமெரிக்க விஸ்கி, தானாகவே வெனிலாவும் கேரமலுமாக இனிக்கும். அந்த இனிப்பு அலையாமல் நிற்க அங்கோஸ்டுரா வேண்டும். ரை என்ற தானியத்தில் செய்கிற ரை விஸ்கியில் மிளகுக் காரம் ஏற்கெனவே இருப்பதால் பேஷோஸ் அழகாகச் சேரும். நியூ ஆர்லியன்ஸ் ஊரின் சாஸரக் என்ற காக்டெய்லில் இந்த இரண்டும்தான் சேர்கின்றன. பேஷோஸைச் செய்த அந்துவான் பேஷோ அந்த ஊர் மருந்துக்கடைக்காரர். புகை வாசம் தூக்கலான ஸ்காட்சில் கிராம்பை ஏற்றினால் இரண்டும் மோதும். ஆரஞ்சு பிட்டர்ஸ் ஒரு டாஷ் போதும்.

அங்கோஸ்டுராவும் மருந்தாக வந்ததே. தென் அமெரிக்க விடுதலைத் தலைவர் சிமோன் பொலிவாரின் படையில் மருத்துவராக இருந்த யோஹான் சீகர்ட் என்ற ஜெர்மானியர் 1824-ல் வெனிசுலாவின் அங்கோஸ்டுரா நகரத்தில் வயிற்றுக் கோளாறுக்காகச் செய்தார். அந்த நகரத்துக்கு இப்போது சியுடாட் பொலிவார் என்று பெயர். தயாரிப்பு 1870-களில் டிரினிடாடுக்கு மாறிவிட்டது. அங்கோஸ்டுரா என்றே ஒரு மரப்பட்டை உண்டு, ஆனால் இதில் அது கிடையாது. கசப்பு ஜென்ஷியன் என்ற மூலிகைச் செடியின் வேரிலிருந்து வருகிறது.

1806-ல் நியூயார்க் மாநிலத்து ஹட்சன் ஊர்ப் பத்திரிகை ஒன்றில் காக்டெய்ல் என்றால் என்ன என்று ஒரு வாசகர் கேட்டார். ஏதாவது ஒரு மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் என்று பதில் வந்தது. இந்த நாலும் சேர்ந்தது இன்றைய ஓல்ட் ஃபேஷன்ட் என்ற காக்டெய்ல்தான். அதனால் பிட்டர்ஸ் தீர்ந்துபோச்சு, இல்லாமலே கலந்து தருகிறேன் என்று சொல்கிற பாரில் நான் வேறு ஏதாவது சொல்லிக்கொள்வேன்.

தக்கலை வாசகன்:

அண்ணே, நல்ல இழை. மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பாட்டில் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்கிற போர்பனுக்கும் ரைக்கும் நான் எங்கே போக? கடையில் கிடைக்கிற நம் நாட்டு விஸ்கிதான் என் கையில் இருப்பது. அதற்கு பிட்டர்ஸ் போடுவதில் அர்த்தம் உண்டா? அப்புறம், ஒரு டாஷ் என்றால் எவ்வளவு?

குளச்சல் ஸ்டீவர்ட்:

நிச்சயம் உண்டு தம்பி. நம் சாதாரண பிளெண்ட் விஸ்கிகளில் பெரும்பங்கு கரும்பு மொலாசஸிலிருந்து எடுத்த சாராயம்தான், கொஞ்சம் மால்ட் சேர்ப்பார்கள். ஐரோப்பாவில் இதை விஸ்கி என்று விற்க விடமாட்டார்கள். குடிக்கும்போது முன்னால் ஒரு இனிப்பு, பின்னால் தொண்டையில் ஒரு எரிச்சல், நடுவில் வெறுமையாக இருக்கும். அந்த நடுப்பகுதியைத்தான் அங்கோஸ்டுரா நிரப்புகிறது. 60 மில்லிக்கு 2 டாஷ், கொஞ்சம் தாராளமாகவே விடலாம். சர்க்கரையை மட்டும் பாதியாக்க வேண்டும், சரக்கிலேயே இனிப்பு இருக்கிறது.

அம்ருத், பால் ஜான் மாதிரி பார்லியில் செய்த சிங்கிள் மால்ட் கிடைத்தால் கதை வேறு. அதற்கென்று ஒரு பழ வாசம் உண்டு. ஆரஞ்சு ஒரு டாஷுக்கு மேல் போனால் அது மறைந்துவிடும். ரசத்தில் பெருங்காயம் கூடின மாதிரிதான், மற்றது எதுவும் தெரியாது.

டாஷ் என்பது ஒரு மில்லிக்குச் சற்றுக் குறைவு. பாட்டிலைத் தலைகீழாகச் சாய்த்து ஒரு வெட்டு வெட்டினால் விழுகிற அளவு. பாட்டில் நிறைய இருக்கும்போது டாஷ் சிறிதாக விழும், பாதிக்குக் கீழே போனதும் பெரிதாகும். டிராப்பர் வைத்திருந்தால் 8 முதல் 10 சொட்டு என்று வைத்துக்கொள்ளலாம். எப்போதும் பிட்டர்ஸைத்தான் முதலில் கிளாஸில் விட வேண்டும். கை தவறி அதிகம் விழுந்தாலும் கழுவிவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம், விஸ்கி வீணாகாது. ஓல்ட் ஃபேஷன்டுக்கு சர்க்கரைக் கட்டியின் மேலேயே விட்டு, ஒரு ஸ்பூன் தண்ணீர் சேர்த்து, நன்றாக நசுக்கிக் கரைத்த பிறகு விஸ்கியும் ஐஸும்.

ஐஸைப் பற்றி ஒன்று. நம் ஊர்ப் புழுக்கத்தில் சின்னச் சின்ன ஐஸ் நொடியில் கரைந்து எல்லாவற்றையும் தண்ணீராக்கிவிடும், பிட்டர்ஸ் போட்டதே தெரியாது. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி உறையவைத்து ஒரே கட்டியாகப் போடுங்கள்.

மாறாமலைக் காட்டுக்காரர்:

எங்களுக்கு மாறாமலையில் கொஞ்சம் கிராம்பு நிற்கிறது. கன்னியாகுமரி கிராம்புக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது பலருக்குத் தெரிந்திருக்கும். மொட்டு விரிவதற்கு முன்னால், பச்சை மாறிச் சிவக்கத் தொடங்கும்போது பறித்து வெயிலில் காயவைப்போம். புதிதாகக் காய்ந்த கிராம்பை நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும். அந்தக் கிராம்பு வீட்டில் இருக்கும்போது வாசனைக்காக வெளிநாட்டுப் பாட்டிலை மட்டும் நம்ப வேண்டுமா என்று தோன்றியது. அதனால் நானே ஊறவைக்கிறேன்.

எல்லாவற்றையும் ஒரே பாட்டிலில் போடக் கூடாது என்பது என் அனுபவம். கிராம்பு சீக்கிரம் இறங்கும், ஆரஞ்சுத் தோல் மெதுவாக இறங்கும். ஒன்றாகப் போட்டால் தோல் தயாராகும்போது கிராம்பு நாக்கை மரத்துப்போக வைக்கும். நம் ஊர் வோட்கா 42.8 சதவீதம், அதுவே போதும். 100 மில்லிக்கு நாலு கிராம்பு, இரண்டு நாளில் வடிகட்டிவிடுவேன். ஏலக்காயைத் தட்டிப் போட்டால் மூன்று நாள். கறுவாப்பட்டைக்கு ஒரு வாரம், அதுவும் கெட்டியான சந்தைப் பட்டை வேண்டாம், மெல்லிசாகச் சுருண்ட நாட்டுக் கறுவாதான் வேண்டும். வாசம் மிருதுவாக இருக்கும்.

கசப்புக்கு என்ன செய்வது என்பதுதான் பெரிய கேள்வி. ஜென்ஷியன் வேர் இங்கே கிடைக்காது. நிலவேம்பு போட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கசப்பு தாராளமாக வருகிறது, ஆனால் கூடவே பச்சிலை வாடையும் வந்து விஸ்கியோடு ஒட்டுவதில்லை. எனக்குப் பிடித்தது நாரத்தங்காய்த் தோல். மேல் தோலில் வாசம், உள்ளே வெள்ளைப் பகுதியில் கசப்பு, இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்கிறது. சீவி, நிழலில் காயவைத்து, பத்து நாள் ஊறவிடுவேன். கடைசியில் நாரத்தை பெரும்பங்கு, கறுவா அதில் பாதி, ஏலம் கொஞ்சம், கிராம்பு சொட்டுக்கணக்கில் என்று கலக்கிறேன். அங்கோஸ்டுரா அளவுக்கு ஆழம் வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் நாட்டு விஸ்கியோடு இதற்கு இருக்கிற சேர்க்கை எனக்கு மனநிறைவாக இருக்கிறது.

நாகர்கோவில் மருந்தாளுநர்:

மேலே எழுதிய அண்ணாச்சி பாதுகாப்பான பொருள்களாகத்தான் எடுத்திருக்கிறார். மற்றவர்களுக்காக இரண்டு விஷயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னிடம் இதைக் கேட்டு வந்தவர்கள் உண்டு.

ஒன்று வசம்பு. பழைய வெளிநாட்டு பிட்டர்ஸ் குறிப்புகளில் வசம்பு இருக்கும், நாட்டுமருந்துக் கடையிலும் எளிதாகக் கிடைக்கும். அதிலுள்ள அசரோன் என்ற பொருள் காரணமாக அமெரிக்காவில் 1968-லேயே உணவில் சேர்ப்பதைத் தடைசெய்தார்கள். மதுவில் ஊறும்போது அது நன்றாக இறங்கிவிடும். பிள்ளைக்கு உரைத்துக் கொடுத்ததுதானே என்று நினைத்து ஊறவைக்காதீர்கள்.

இரண்டாவது சின்கோனா பட்டை. கசப்பு அருமையாக இருக்கும். ஆனால் அதில் இருப்பது குவினைன். கடையில் விற்கும் டானிக் வாட்டரில் அளவு கட்டுப்பாடு உண்டு, வீட்டில் ஊறவைப்பதில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. காதில் இரைச்சல், தலைசுற்றல், பார்வை மங்கல் வரை போகலாம். இதயத் துடிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் ஆபத்து. ஜாதிக்காயும் சிட்டிகைக்கு மேல் வேண்டாம்.

முட்டம் பையன்:

ஹோட்டல் பாரில் வேலை செய்கிறேன். விஸ்கியும் எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்ந்த விஸ்கி சவரில் முட்டை வெள்ளைக்கரு போட்டுக் குலுக்கினால் மேலே நுரை கட்டும், கொஞ்ச நேரத்தில் பச்சை முட்டை வாடை எழும்பும். நுரையின் மேல் அங்கோஸ்டுரா மூன்று நாலு சொட்டு வைத்தால் மூக்குக்கு முதலில் கிராம்பு வாசம்தான் வரும். நம் ஊர் ஆட்கள் முட்டை என்று கேட்டதும் முகம் சுளிப்பார்கள், சொட்டு வைத்துக் கொடுத்தால் மறுபேச்சு இல்லாமல் குடித்துவிடுகிறார்கள். முட்டை அன்றன்றைக்கு வாங்கினதாக இருக்க வேண்டும்.

இரணியல் அக்கா:

நான் மது குடிப்பதில்லை. ஆனால் வீட்டுக்காரர் கொண்டுவந்த பாட்டிலை எலுமிச்சை சோடாவில் போட்டுக் குடித்துப் பார்த்தேன், பிடித்துப்போனது. உப்பும் சர்க்கரையும் சரிபாதி, எலுமிச்சை, மூன்று டாஷ். சாப்பாட்டுக்குப் பிறகு வயிறு லேசாக இருக்கிற உணர்வு.

ஒன்று மட்டும் எல்லோரும் கவனிக்க வேண்டும். இந்த பாட்டிலில் 44.7 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறது. ஒரு பெரிய கிளாஸில் சில சொட்டு என்றால் மிகக் குறைவுதான், ஆனாலும் இல்லை என்று ஆகாது. குடியை விட்டவர்களுக்கும், நம்பிக்கை காரணமாகத் தொடாதவர்களுக்கும் சொல்லாமல் கலந்து கொடுக்காதீர்கள். எங்கள் வீட்டு விசேஷத்தில் நான் இரண்டு பாத்திரம் தனித்தனியாக வைத்து, எதில் என்ன என்று எழுதி ஒட்டினேன்.

குளச்சல் ஸ்டீவர்ட்:

அக்கா சொன்னது மிக முக்கியம். கப்பலிலும் கேட்காமல் போடக் கூடாது என்பது கண்டிப்பான விதி.

கொண்டுவருகிறவர்களுக்கு: 118 மில்லியோ 200 மில்லியோ, எந்த பாட்டிலானாலும் கைப்பையில் விடமாட்டார்கள், 100 மில்லிதான் எல்லை. பெட்டியில் துணி சுற்றி வையுங்கள். மூடி கசிந்தால் சட்டையில் படிந்த கறை லேசில் போகாது, பிளாஸ்டிக் உறை கட்டாயம். வரியில்லாமல் கொண்டுவர அனுமதிக்கிற 2 லிட்டர் மதுவின் கணக்கில் இதையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பிட்டர்ஸுக்கு ஃபிரிட்ஜ் தேவையில்லை, வெயில் படாத இடம் போதும். மேன்ஹாட்டன் என்ற காக்டெய்ல் செய்ய வெர்மூத் வாங்கினால் அதைத் திறந்த அன்றே ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். அது மூலிகை சேர்த்த ஒயின், நம் வெக்கையில் சீக்கிரம் புளித்துவிடும். 60 மில்லி ரை, 30 மில்லி இனிப்பு வெர்மூத், 2 டாஷ் அங்கோஸ்டுரா. வெர்மூத் கெட்டிருந்தால் எந்த பிட்டர்ஸும் காப்பாற்றாது.

தக்கலை வாசகன்:

அண்ணே, சோடாவில் போட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரி கிராம்பு முன்னால் வந்தது. அப்புறம் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டிப் பாகு வைத்துச் செய்தேன். எங்கள் வீட்டுப் பக்கம் அக்கானி (பதநீர்) காய்ச்சுகிறவர்களிடம் வாங்கின கருப்பட்டி. சம எடை தண்ணீரில் கரைத்து, துணியில் இரண்டு முறை வடிகட்டினேன், இல்லாவிட்டால் சுண்ணாம்பு மண்டி அடியில் நிற்கும். 60 மில்லிக்கு ஒரு டீஸ்பூன் பாகு.

அங்கோஸ்டுரா 2 டாஷ் போட்டபோது கருப்பட்டியின் புகை வாசமும் கிராம்பும் சேர்ந்து கனமாக இருந்தது. ஒரு டாஷாகக் குறைத்து, நாரத்தங்காய்த் தோலை கிளாஸின் மேல் பிழிந்து எண்ணெய் தெறிக்கவிட்டதும் அருமையாகத் திறந்துகொண்டது. ஆரஞ்சு பிட்டர்ஸ் இருந்தால் இதற்குச் சரியாக வரும் என்று நினைக்கிறேன். மாறாமலை அண்ணாச்சி, உங்கள் நாரத்தைச் சரக்கில் ஒரு சின்ன பாட்டில் கிடைக்குமா? வடசேரி சந்தைக்கு வரும் நாளைச் சொன்னால் அங்கேயே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

மாறாமலைக் காட்டுக்காரர்:

விலைக்குத் தருவதற்கில்லை தம்பி, அது முறையும் அல்ல. புதுக் கிராம்பும் நாலு நாரத்தங்காயும் சந்தைக்கு வரும்போது கொண்டுவருகிறேன். நீங்களே ஊறவையுங்கள். கிராம்பை இரண்டாம் நாள் எடுத்துவிட மறக்காதீர்கள்.