ஓடிங்கா தோல்வியை ஏற்கவே இல்லையா? தீர்ப்புக்குத் தலைவணங்குவது எப்படி? – விவாதம்

கொற்கை:
கென்யாவின் முன்னாள் பிரதமரும் நெடுநாள் எதிர்க்கட்சித் தலைவருமான ரெய்லா ஓடிங்கா 2025 அக்டோபர் 15 அன்று காலமானார். ஆயுர்வேத சிகிச்சைக்காக வந்திருந்த கேரளத்துக் கூத்தாட்டுக்குளத்தில், 80 வயதில். அந்தச் செய்தியின் கீழே நம் நண்பர் ஒருவர், “அதிபர் தேர்தலில் ஐந்து முறை நின்று ஐந்து முறையும் தோற்றவர், ஒருமுறைகூட ஒப்புக்கொள்ளாதவர்” என்று எழுதியிருந்தார். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த இழை.

2022 ஆகஸ்ட் 9 அதிபர் தேர்தலில் எதிரே நின்ற வில்லியம் ரூட்டோவுக்கு 50.49 சதவீதம், ஓடிங்காவுக்கு 48.85. வித்தியாசம் ஏறத்தாழ 2,33,000 வாக்குகள். முடிவு அறிவிக்கப்பட்ட அன்றே தேர்தல் ஆணையர்கள் ஏழு பேரில் நால்வர், தங்களுக்கு இதில் சம்பந்தமில்லை என்று தனியாக வந்து சொன்னார்கள். ஓடிங்கா உச்ச நீதிமன்றம் போனார். செப்டம்பர் 5 அன்று தலைமை நீதிபதி மார்த்தா கூமே தலைமையிலான அமர்வு ஒருமனதாக மனுவைத் தள்ளியது. அன்றைக்கு ஓடிங்கா விட்ட அறிக்கையின் சாரம்: நீதிமன்றத்தின் கருத்தை மதிக்கிறோம், ஆனால் கடுமையாக மாறுபடுகிறோம்; ஒன்பது கேள்விகளிலும் எங்களுக்கு எதிராகவே முடிவு கண்டதும், மிகையான சொற்களால் எங்கள் வாதத்தை மறுத்ததும் நம்ப முடியாதவை.

எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் இதைவிட நேர்மையாக என்ன சொல்ல முடியும்? தீர்ப்புக்குக் கட்டுப்படுவது கடமை. அது சரியான தீர்ப்பு என்று நம்புவது கடமையில்லை.

வைகைக்கரை:
கொற்கை சார், நான் வழக்காடுபவள். தீர்ப்பைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை உண்டு, அதில் எனக்குச் சண்டையே இல்லை. அவர் எந்தத் தீர்ப்பை எப்படி எடுத்துக்கொண்டார் என்று வரிசையாகப் பாருங்கள். 2013-இல் அப்போதைய தலைமை நீதிபதி வில்லி முடுங்காவின் அமர்வு மனுவைத் தள்ளியது, முனகலோடு ஏற்றார். 2017 செப்டம்பர் 1-இல் அடுத்த தலைமை நீதிபதி மராகாவின் அமர்வு தேர்தலையே செல்லாது என்றது, ஆப்பிரிக்காவுக்கே வரலாற்று நாள் என்றார். அதே நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பர் 20-இல் மறுதேர்தலை ஒருமனதாக உறுதி செய்தபோது, ஆட்சியே சட்டவிரோதம் என்றார். 2018 ஜனவரி 30-இல் உகுரு பூங்காவில் கூட்டம் கூட்டி ‘மக்களின் அதிபர்’ என்று தானே பதவிப் பிரமாணமும் எடுத்துக்கொண்டார்.

நமக்குச் சாதகமாக வந்தால் நீதி, பாதகமாக வந்தால் சதி. தேர்தல் வழக்கை நடத்திப் பார்த்தவர்களுக்கு இந்த மனநிலை எவ்வளவு ஆபத்து என்று தெரியும். வெறும் அறிக்கையை வைத்து அவரை முன்மாதிரி ஆக்காதீர்கள்.

சவானா:
நான் பிழைப்புக்காக நைரோபியில் இருப்பவன், கணக்கு எழுதும் வேலை. நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

இங்கே ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் எண்ணி முடித்ததும் 34ஏ என்ற படிவத்தை நிரப்புவார்கள். கட்சி முகவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். ஒரு நகலைச் சாவடிக் கதவில் ஒட்டிவிட்டு, படிவத்தைப் படமெடுத்து மத்திய அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். 2022-இல் 46,229 சாவடிகளின் படிவங்களும் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் ஏறின. எங்கள் பகுதிப் பள்ளிக்கூடத்துக் கதவில் ஒட்டியிருந்த தாளை விடிகாலையிலேயே பையன்கள் போனில் படமெடுத்து வைத்துக்கொண்டார்கள். பிறகு சாயாக் கடையில் உட்கார்ந்து, இணையத்தில் வந்த படத்தோடு ஒவ்வோர் எண்ணாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். காவலாளி, காய்கறி விற்கிற அம்மா எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

இந்த வசதி எப்படி வந்தது? 2017 தீர்ப்பால் வந்தது. அப்போது முடிவை அறிவித்த பிறகும் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட சாவடிகளின் 34ஏ படிவங்களை ஆணையத்தால் காட்ட முடியவில்லை. சர்வரைத் திறந்து காட்டு என்று நீதிமன்றமே உத்தரவிட்டும் முழுசாகத் திறக்கவில்லை. காட்டிய படிவங்களில் சிலவற்றில் பாதுகாப்பு முத்திரையே இல்லை. நாலுக்கு இரண்டு என்ற கணக்கில் தேர்தல் ரத்தானது. பதவியிலிருக்கும் அதிபரின் வெற்றியை நீதிமன்றம் ரத்து செய்தது ஆப்பிரிக்காவிலேயே அதுதான் முதல் தடவை.

ஓடிங்கா அன்று வழக்குப் போடாமல் இருந்திருந்தால் அந்தப் பையன்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருந்திருக்காது. அவரைப் பேசும்போது இதை முதலில் வையுங்கள், மேடம்.

தெக்கத்தியான்:
எனக்கு இதில் உறைப்பது நாள் கணக்கு. கென்யாவில் முடிவு வந்த ஏழு நாளில் மனு, பதினாலு நாளில் தீர்ப்பு. 2010 அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள். எங்க ஊர்ப் பக்கம் ராதாபுரத்தில் 2016-இல் அப்பாவு 49 ஓட்டில் தோற்று ஹைகோர்ட் போனார். 2019 அக்டோபரில் தபால் ஓட்டை மறுபடி எண்ணியும் முடித்தார்கள். முடிவை வெளியிட சுப்ரீம் கோர்ட் தடை. 2021-இல் சட்டமன்றக் காலமே முடிந்து அடுத்த தேர்தல் வந்துவிட்டது. தீர்ப்பே வராத இடத்தில் அதை எப்படி ஏற்பது என்று யாரிடம் கேட்க? பதினாலு நாளில் பதில் கிடைத்த மனுசன் அதை ஏற்கத்தான் வேண்டும். என் கட்சி வைகைக்கரை அக்கா பக்கம்.

கொற்கை:
அண்ணே, அந்தப் பதினாலு நாளுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2013-இல் ஓடிங்கா தரப்பு எண்ணூறு பக்கத்துக்கு மேல் கூடுதல் பிரமாணப் பத்திரம் கொடுத்தது. கெடு தாண்டிவிட்டது, நேரமில்லை என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளவே இல்லை. எதிரே நின்று ஜெயித்த உகுரு கென்யாட்டாவுக்கு அந்தத் தேர்தலில் 50.07 சதவீதம். பாதியைத் தொட்டும் தொடாமலும் ஜெயித்த தேர்தல் அது. வாக்காளரை அடையாளம் காணும் கருவிகளும், முடிவை அனுப்பும் மின்னணு முறையும் பல இடங்களில் படுத்துவிட்டிருந்தன. அப்படியிருந்தும் தீர்ப்பு வந்த அன்றே, எல்லா முடிவுகளையும் ஏற்காவிட்டாலும் அரசியல் சட்டத்தின் மேல் எங்கள் நம்பிக்கை மாறாது என்ற பொருளில் பேசி, ஜெயித்தவரை வாழ்த்தினார். வைகைக்கரை இதை ‘முனகல்’ என்று ஒரு சொல்லில் தள்ளியது எனக்கு வருத்தம்.

அதற்கு ஐந்து வருடம் முன்னால் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2007 டிசம்பர் 30 அன்று அப்போதைய அதிபர் கிபாகி ஜெயித்ததாக அறிவித்து, பொழுது சாயும் நேரத்தில் அவசரமாகப் பதவியேற்க வைத்தார்கள். அரசின் பிடியிலிருக்கும் நீதிமன்றத்தில் நியாயம் கிடைக்காது என்று ஓடிங்கா வழக்கே போடவில்லை. அடுத்த இரண்டு மாதத்தில் 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். ஏறத்தாழ ஆறு லட்சம் பேர் வீடு வாசல் இழந்தார்கள். ஐ.நா.வின் முன்னாள் பொதுச் செயலாளர் கோஃபி அன்னான் வந்து பேசித்தான் 2008 பிப்ரவரியில் ஓய்ந்தது. அதே ஓடிங்கா அடுத்த தேர்தலில் தெருவை விட்டுவிட்டு நீதிமன்றப் படியேறினார். தோற்றும் வீட்டுக்குப் போனார். எனக்கு இது பெரிய விஷயம்.

வைகைக்கரை:
2013-க்கு அவருக்குரிய மதிப்பைத் தருகிறேன், மறுக்கவில்லை. 2017-க்கு வாருங்கள். தேர்தல் ரத்தானதும் அறுபது நாளுக்குள் மறுதேர்தல். தான் கேட்டு வாங்கிய தீர்ப்பின்படி நடக்கும் தேர்தலிலிருந்து அக்டோபர் 10 அன்று விலகினார். 26-ஆம் தேதி வாக்குப்பதிவு நடந்தது, கென்யாட்டாவுக்கு 98 சதவீதம். ஓடிங்காவின் கோட்டைகளான கிசுமு, சியாயா, மிகோரி, ஹோமா பே மாவட்டங்களில் ஓட்டே போடவில்லை. ஒரு மனுதாரர் தனக்குக் கிடைத்த பரிகாரத்தைத் தானே உதறினால், பிறகு அதன் விளைவை எப்படிக் குறை சொல்ல முடியும்?

சவானா:
மேடம், அந்த அக்டோபர் எப்படி இருந்தது என்று சொன்னால்தான் புரியும். ஆகஸ்ட் தேர்தலுக்குச் சில நாள் முன்னால் ஆணையத்தின் கணினிப் பிரிவு மேலாளர் கிறிஸ் முசாண்டோ சித்திரவதை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். முடிவு வந்த நாட்களில் கிசுமுவில் போலீஸ் வீட்டுக்குள் புகுந்து அடித்ததில் ஆறு மாதக் கைக்குழந்தை இறந்தது. தேர்தலை ரத்து செய்த அன்றே, வெற்றியை இழந்த அதிபர் நைரோபிச் சந்தை ஒன்றில் நின்றுகொண்டு நீதிபதிகளை ‘வகோரா’ என்றார். இங்கே போக்கிரிகளைத் திட்டுகிற சொல் அது. மறுதேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கையில் ஆணையர் ரோஸ்லின் அகோம்பே நியூயார்க்குக்குத் தப்பிப் போய் அங்கிருந்து ராஜினாமா செய்தார். அக்டோபர் 24 மாலை துணைத் தலைமை நீதிபதி முவிலுவின் ஓட்டுநரைச் சுட்டார்கள். மறுநாள் காலை, தேர்தலைத் தள்ளிவைக்கக் கேட்ட மனு விசாரணைக்கு வர வேண்டும். அமர்வுக்கு ஐந்து நீதிபதிகள் வேண்டும். வந்தது மராகாவும் லெனாவோலாவும் மட்டும்தான். மராகா காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து, விசாரிக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். டிவியில் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் ஆபீஸில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அதே ஆணையம், அதே ஆட்கள். சீர்திருத்தம் கேட்டார், ஒன்றும் நடக்கவில்லை. விலகாமல் நின்றிருந்தால் மட்டும் யார் அவரைக் காப்பாற்றியிருப்பார்கள்?

ஆனால் 2018 பதவிப் பிரமாண நாடகத்தை நானும் ஏற்கவில்லை. அன்று மூன்று பெரிய டிவி சேனல்களை அரசு அணைத்தது. ஒளிபரப்பு திரும்ப வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லியும் பல நாள் கேட்கவில்லை. யாருமே நீதிமன்றத்தைப் பொருட்படுத்தாத நாட்கள் அவை. அதற்கு அவரும் ஒரு கை கொடுத்தார் என்பது உண்மை.

மணிமுத்தாறு:
எல்லோரும் கென்யாவுக்குள்ளேயே நிற்கிறீர்கள். கானாவைப் பாருங்கள். 2012 டிசம்பர் தேர்தலில் அப்போதைய அதிபர் மஹாமா 50.70 சதவீதம், எதிர்க்கட்சியின் அகுஃபோ அடோ 47.74. எட்டு மாதம் வழக்கு, விசாரணை முழுக்க டிவியில் நேரலை. 2013 ஆகஸ்ட் 29 அன்று மனு தள்ளுபடி. நீதிபதிகளே பிரிந்து நின்ற தீர்ப்பு அது. அகுஃபோ அடோ அன்றே மஹாமாவுக்குப் போன் போட்டு வாழ்த்தினார். தீர்ப்பில் உடன்பாடில்லை, ஏற்கிறேன், மறுசீராய்வு கேட்கமாட்டேன் என்று நாட்டுக்குச் சொன்னார். 2016-இல் ஜெயித்து அதிபரானார். 2020 தேர்தலை எதிர்த்து மஹாமா போட்ட வழக்கு 2021-இல் தோற்றது, 2024-இல் அவரும் மறுபடி ஜெயித்தார். தீர்ப்பை ஏற்பதென்றால் இப்படி ஏற்க வேண்டும். ஓடிங்கா ஏற்றது அரை மனதோடு.

கொற்கை:
மணி, அகுஃபோ அடோவுக்கு என் மரியாதை முழுசாக உண்டு. ஆனால் அவருடைய நாட்டில் தேர்தல் அதிகாரி கொல்லப்படவில்லை, நீதிபதியின் ஓட்டுநர் சுடப்படவில்லை. 1992 முதல் ஆட்சி இரண்டு கட்சிகளுக்கு இடையில் கைமாறி வந்த நாடு அது. அடுத்த முறை ஜெயிக்க முடியும் என்று தெரிந்தவன் பெருந்தன்மையாகத் தோற்கலாம். கென்யாவில் ஓடிங்காவின் இனமான லுவோ மக்கள் சுதந்திரம் வந்த காலத்திலிருந்து அதிபர் நாற்காலியைப் பார்க்கவில்லை. அப்பா ஓகிங்கா ஓடிங்காவிடமிருந்து மகன் வரை அந்த ஏக்கம் ஓடுகிறது. அந்த மக்கள் முன்னால் நின்று, “எல்லாம் நியாயமாகத்தான் நடந்தது, போய்த் தூங்குங்கள்” என்று அவர் சொல்லியிருந்தால் அவரை நம்பியிருக்க மாட்டார்கள். “நானும் ஒப்பவில்லை, ஆனாலும் தீர்ப்பை மதிக்கிறேன்” என்றதால்தான் 2022 செப்டம்பரில் கிசுமு எரியாமல் இருந்தது.

நீதிமன்றத்தின் நடையைப் பற்றியும் ஒன்று. அவர் தரப்பு கொண்டுவந்த கணினி ஆதாரங்களை வெறும் காற்று என்றும், வீண் தேடலில் தங்களை அலையவிட்டார்கள் என்றும் எழுதினார்கள். ஏறத்தாழ எழுபது லட்சம் பேர் ஓட்டுப் போட்ட தரப்பு அது. ஆதாரம் போதாது என்று சொல்லி முடித்திருக்கலாம். தோற்றவனிடம் பேசும்போது நீதிபதியின் சொல் தணிந்திருக்க வேண்டும்.

வைகைக்கரை:
அந்த ஆதாரங்களில் சில போலியாக இருக்கக்கூடும் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இணையத்தில் ஏறிய படிவமும் அசல் தாளும் பொருந்துகின்றனவா என்று மாதிரி எடுத்துப் பார்த்தார்கள், பொருந்தின. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு 2017 மறுதேர்தலைக் கையாண்ட நீதிமன்றம், பொய்யான தாளை நீட்டினால் கோபப்படத்தான் செய்யும்.

நீங்கள் சொல்லும் அந்த மதிப்பு எத்தனை நாள் நின்றது? 2023 மார்ச் 20-இலிருந்து திங்கட்கிழமை தோறும் ஊர்வலம். மாவு விலை, வரி என்ற கோரிக்கைகளில் நியாயம் இருந்தது. கூடவே “சர்வரைத் திற” என்ற கோரிக்கையும் வந்தது. ஆறு மாதம் முன்பு உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்த கேள்வி அது. அந்த ஊர்வலங்களில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பலர் செத்தார்கள். சுட்டது போலீஸ்தான், பழி அவர்களுடையது. இருந்தாலும் முடிந்துபோன வழக்கைச் சொல்லி ஏழைப் பிள்ளைகளைத் தெருவுக்கு அழைத்தவரிடம் எனக்குக் கேள்வி இருக்கிறது.

சவானா:
திங்கட்கிழமைகளில் ஆபீஸ் கதவை மூடிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தவன் என்கிற முறையில், சர்வர் விஷயத்தில் மேடம் சொல்வது சரி. வந்த கூட்டத்தில் பெரும்பாலானோர் மாவு விலைக்காக வந்தவர்கள். சர்வரை அவர் விட்டிருக்கலாம்.

கொற்கை:
சர்வர் கோரிக்கையை நான் தாங்கிப் பேச வரவில்லை. நான் பேசுவது 2022 செப்டம்பர் 5 அறிக்கையைப் பற்றி. அதில் நிற்கிறேன்.

ஆனால் ஊர்வலங்களில் கேட்டது அது மட்டுமில்லை. ஆணையத்தை எப்படி அமைப்பது என்ற கேள்வியும் இருந்தது. தலைவர் செபுகாட்டியின் பதவிக்காலம் 2023 ஜனவரியில் முடிந்தது. மாறுபட்ட நால்வரில் மூவர் ராஜினாமா, ஒருவர் நீக்கம். அதன்பின் இரண்டரை வருடம் கென்யாவுக்குத் தேர்தல் ஆணையர்களே இல்லை. இறந்துபோன உறுப்பினர்களின் தொகுதிகளுக்கு இடைத்தேர்தல்கூட நடத்த முடியாமல் மக்கள் பிரதிநிதி இல்லாமல் கிடந்தார்கள். 2025 ஜூலையில்தான் புதிய ஆணையம் பொறுப்பேற்றது. 2027 ஆகஸ்டில் அதிபர் தேர்தல். இந்த முறை ஓடிங்கா இல்லை. தோற்பவர் யாராக இருந்தாலும் ஏழு நாளில் அதே நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருக்கும். அந்தப் பதினாலு நாளை முப்பதாக்கலாமா என்பதில் வைகைக்கரையின் கருத்தைக் கேட்க விரும்புகிறேன். வழக்கு நடத்துபவர் நீங்கள்.

வைகைக்கரை:
முப்பது வேண்டும். மறு எண்ணிக்கைக்கும் சர்வர் ஆய்வுக்கும் பதினாலு நாள் போதாது, 2013-இல் அந்த எண்ணூறு பக்கத்தைத் தள்ளியது எனக்கும் உறுத்தல்தான். ஆனால் ராதாபுரம் மாதிரி இழுக்கவும் விடக்கூடாது, முப்பதுக்கு மேல் ஒரு நாள்கூட வேண்டாம்.