அப்பா சொல்லும் அந்தக் குத்துச்சண்டைப் படம் எது?

செந்தூல்காரி:
வணக்கம். பழைய ஆங்கிலப் படங்கள் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்.

அப்பாவுக்கு 78 வயது. செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இளவட்டமாக இருந்தபோது, 64 அல்லது 65இல், கோலாலம்பூர் பத்து ரோடு பக்கம் ஒரு கொட்டகையில் குத்துச்சண்டைப் படம் ஒன்று பார்த்தாராம். கொட்டகையின் பெயர் மறந்துவிட்டது, படத்தின் பெயரும் மறந்துவிட்டது. முதல் வரிசையில் உட்கார்ந்து கழுத்து வலித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

கறுப்பு வெள்ளைப் படம். உண்மையாகவே வாழ்ந்த ஒரு வீரரின் கதை. சின்னப் பையனை அவன் அப்பனே குடித்துவிட்டுக் குத்துவான். பையன் வளர்ந்து திருடுவான், பட்டாளத்தில் அதிகாரியை அடித்துவிட்டு ஓடுவான், ஜெயிலுக்குப் போவான். கடைசியில் திறந்த காரில் ஊர்வலம். அதிகாரியை அடிக்கும் இடத்தைச் செய்து காட்டும்போது கையில் தே தாரேக் கிளாஸ் இருந்ததை அப்பா மறந்துவிட்டார். என் சோபாவில் இன்னும் கறை இருக்கிறது.

இதில் ஒரு பழைய வழக்கும் உண்டு. 'தி கிரேட் எஸ்கேப்' படத்தில் மோட்டார் சைக்கிளில் முள்வேலியைத் தாண்டுவாரே, அவர் இந்தப் படத்திலும் இருந்தார் என்கிறார் அப்பா. கூடவே போய்ப் பார்த்த சித்தப்பா, இருக்கவே இல்லை என்கிறார். அன்றைக்கே இரண்டு வெள்ளி பந்தயம் கட்டியிருக்கிறார்கள். சித்தப்பா இப்போது கிள்ளானில் இருக்கிறார். தீபாவளிக்குத் தீபாவளி இந்தப் பேச்சு வரும், கடைசியில் யாராவது ஒருவர் சாப்பிடாமல் எழுந்து போவார்.

பிரிக்பீல்ட்ஸ் பையன்:
இது 'ரேஜிங் புல்'தானே? கறுப்பு வெள்ளை, ஜேக் லமோட்டாவின் கதை. ராபர்ட் டி நீரோ இதற்காக ஏறக்குறைய 27 கிலோ எடை கூடி, ஆஸ்காரும் வாங்கினார்.

செந்தூல்காரி:
தம்பி, அது 1980இல் வந்த படம். அப்போது நானே பாலர் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

தண்ணீர்மலை:
தங்கச்சி, உங்கள் அப்பா சொல்வது 'சம்படி அப் தேர் லைக்ஸ் மீ'. 1956இல் வந்த படம், இயக்கம் ராபர்ட் வைஸ். ராக்கி கிராசியானோவின் கதை. உங்கள் ஊருக்கு அது மறு ஓட்டமாக வந்திருக்கும். நான் பினாங்கில் டிவிடியில்தான் பார்த்தேன். ஒருமுறை அல்ல, தேய்கிற அளவுக்கு.

முதலில் ஜேம்ஸ் டீன் நடிப்பதாக இருந்தது. 1955 செப்டம்பர் 30இல் கார் விபத்தில் அவர் போய்விட்டார். வேடம் பால் நியூமனுக்கு வந்தது. தோளைக் குறுக்கிக்கொண்டு, ஓரிடத்தில் நிற்க முடியாமல் அவர் ஆடிக்கொண்டே பேசுவதைப் பாருங்கள். ரிங்குக்கு வெளியிலும் அந்த ஆள் சண்டைக்கு நிற்கிறான். கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவுக்கு ஆஸ்கார் கிடைத்தது. எனக்கென்னவோ சண்டைக் காட்சிகளைவிட நியூயார்க் சந்துகளை எடுத்த விதம்தான் பிடிக்கும். சண்டை என்றால் 'ரேஜிங் புல்' ஒரு படி மேல், அதில் தம்பியோடு எனக்குத் தகராறு இல்லை.

பெரிய சண்டைக்கு முன் அந்தக் குடிகார அப்பனைப் பார்க்க மகன் போகிற இடம் வரும். அப்பனும் ஒரு காலத்தில் குத்துச்சண்டைக்காரன், பெயர் எடுக்காமல் போனவன். அந்தக் காட்சியில் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். உங்கள் அப்பாவோடு பார்த்தால் அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்காதீர்கள்.

படம் சொல்லாமல் விட்ட சண்டையும் ஒன்று இருக்கிறது. உலக மிடில்வெயிட் சாம்பியன் டோனி சேலோடு கிராசியானோ மூன்று முறை மோதினார். 1946இல் யாங்கி ஸ்டேடியத்தில் ஆறாவது சுற்றில் தோல்வி. அப்புறம், லஞ்சம் கொடுக்க வந்ததைப் புகார் செய்யவில்லை என்று நியூயார்க்கில் லைசென்சைப் பிடுங்கிவிட்டார்கள். அதனால்தான் இரண்டாவது சண்டை சிகாகோவுக்குப் போனது. 1947 ஜூலை 16, ஒரு கண் வீங்கி மூடிய நிலையில் அதே ஆறாவது சுற்றில் வென்று பட்டம் வாங்கினார். படம் அங்கே முடிந்து ஊர்வலம் போகிறது. 1948 ஜூனில் நுவார்க்கில் சேல் மூன்றே சுற்றில் பட்டத்தைத் திரும்பப் பறித்துக்கொண்டார்.

பட்டத்தை ஓராண்டுகூட வைத்திருக்கவில்லை. ஆனால் ஒளிந்து ஆடிய ஆள் இல்லை. 1975 ஜூலை 1, முகமது அலி – ஜோ பக்னர் சண்டைக்குப் பட்டர்வொர்த்தில் இரவு ரயில் ஏறி மெர்டேக்கா ஸ்டேடியம் வந்தவன் நான். அந்தப் புழுக்கத்தில் 15 சுற்றும் பக்னர் கையுறைக்குப் பின்னால்தான் இருந்தார். கிராசியானோ ஐந்து குத்து வாங்கித்தான் ஒன்று கொடுப்பார், அந்த ஒன்று போதும்.

பந்தயத்துக்கு வருகிறேன். அப்பா சொன்னது சரி. ஸ்டீவ் மெக்குயின் அதில் இருக்கிறார். தொடக்கத்தில் தெருக் கும்பலில் ஒருவனாக வருவார். சின்ன வேடம், டைட்டிலில் பெயர்கூட வராது. ஆனால் 'தி கிரேட் எஸ்கேப்'பில் வேலியைத் தாண்டியது அவர் இல்லை, பட் எகின்ஸ் என்ற டூப்.

பிரிக்பீல்ட்ஸ் பையன்:
ஐயா, ஒத்துக்கொள்கிறேன். இன்று இரவே பார்க்கிறேன்.

செந்தூல்காரி:
அண்ணே, ரொம்ப நன்றி. நேற்று இரவு அப்பாவோடு உட்கார்ந்து பார்த்தேன். மெக்குயின் வந்ததும் படத்தை நிறுத்தச் சொன்னார். திரையைக் கைப்பேசியில் படம் எடுத்துச் சித்தப்பாவுக்கு அனுப்பச் சொன்னார். மணி பதினொன்றரை. அனுப்பினேன்.

அந்த அப்பன் காட்சியில் நீங்கள் சொன்னபடியே நான் பார்க்கவில்லை. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

காலையில் சித்தப்பாவிடமிருந்து குரல் பதிவு வந்தது. டைட்டிலில் பெயர் இல்லாத ஆள் கணக்கில் வர மாட்டாராம். வேலியைத் தாண்டியதும் அவர் இல்லை என்றால் பந்தயமே செல்லாதாம். டூப் விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று பார்த்தால், உங்கள் பதிவை அப்படியே அவருக்கு அனுப்பி வைத்தது நான்தான். அப்பா என்னோடு பேசவில்லை.